பெஞ்சில் உட்கார்ந்திருந்த மகன் பயிற்சியாளர் ஆகலாமா?

கேள்வி: நாங்கள் டாலஸ் நகரின் புறநகர்ப் பகுதியில் பல ஆண்டுகளாக வசிக்கிறோம். எங்கள் மகன் உயர்நிலைப் பள்ளியில் நான்கு ஆண்டுகளும் ஃபுட்பால் (பந்தைக் கையில் ஏந்தி ஓடும் அமெரிக்க ஆட்டம்) அணியில் இருந்தான். ஆனால் பெரும்பாலான ஆட்டங்களில் பெஞ்சில்தான் உட்கார்ந்திருந்தான். இப்போது பல்கலைக்கழகத்தில் கணினி அறிவியல் இரண்டாம் ஆண்டு படிக்கிறான். படிப்பை விட்டுவிட்டுப் பள்ளி ஃபுட்பால் பயிற்சியாளராகப் போகிறேன் என்று பிடிவாதம் பிடிக்கிறான். அவனோடு ஆடிய குவார்ட்டர்பேக் (களத்தில் ஆட்டத்தை நடத்தும் முக்கிய ஆட்டக்காரன்) பையன் ஒரு பெரிய பல்கலைக்கழகத்தில் முழு உதவித்தொகையோடு ஆடுகிறான். "அவன் போனாலும் ஒரு நியாயம் உண்டு; களத்தில் இறங்காதவன் யாருக்கு என்ன சொல்லிக் கொடுக்கப் போகிறான்?" என்று இவன் அப்பா சத்தம் போடுகிறார். இதெல்லாம் ஒரு வேலையா? நான் யார் பக்கம் பேசுவது?
— பெயர் வெளியிட விரும்பாத தாய், டெக்சாஸ்

பதில்: அன்புள்ள சகோதரிக்கு,

உங்கள் மகனின் விருப்பத்தில் தவறு ஏதும் இல்லை. அவன் போட்டிருக்கும் திட்டத்தில்தான் பெரிய ஓட்டை இருக்கிறது. டெக்சாஸில் பள்ளி விளையாட்டுகளை நிர்வகிக்கும் யுஐஎல் அமைப்பின் விதிப்படி, அரசுப் பள்ளியின் ஃபுட்பால் பயிற்சியாளர் பொதுவாக அந்தக் கல்வி மாவட்டத்தின் முழுநேர ஊழியராக இருக்க வேண்டும். நடைமுறையில் அவர் ஏதாவது ஒரு பாடத்தின் ஆசிரியராகவே இருப்பார். ஆசிரியர் சான்றிதழுக்கு இளங்கலைப் பட்டம் கட்டாயம். ஆகவே, படிப்பை விட்டால்தான் பயிற்சியாளர் ஆகலாம் என்று அவன் நினைத்திருந்தால், உண்மை அதற்கு நேர் எதிரானது. இதை நீங்கள் சொல்வதைவிட, தன் பழைய பயிற்சியாளரிடம் அவனே போய்க் கேட்டுத் தெரிந்துகொள்வது நல்லது.

அடுத்து உங்கள் கணவரின் கேள்வி. நன்றாக ஆடியவர்தான் நன்றாகச் சொல்லிக் கொடுப்பார் என்ற நம்பிக்கை பரவலானது. இந்த ஆட்டத்தின் வரலாறு அதற்கு அவ்வளவாக இடம் கொடுக்கவில்லை. கஸ் மால்சான் ஆர்கன்சா பல்கலைக்கழக அணியில் உதவித்தொகை இல்லாமல் தானாக வந்து சேர்ந்த ஆட்டக்காரர். அங்கே நிலைக்க முடியாமல் சிறிய கல்லூரி ஒன்றுக்கு மாறினார். 1991-இல் ஹியூஸ் என்ற சிற்றூரின் உயர்நிலைப் பள்ளியில் உதவிப் பயிற்சியாளராகத் தொடங்கியவர், பதினைந்து ஆண்டுகள் பள்ளிகளிலேயே இருந்து, பிறகு கல்லூரி ஆட்டத்துக்குப் போய், 2013-இல் ஆபர்ன் பல்கலைக்கழகத்தின் தலைமைப் பயிற்சியாளராகி, முதல் ஆண்டிலேயே அணியைத் தேசிய இறுதியாட்டம் வரை கொண்டு சென்றார். நட்சத்திரமாக இல்லாதவர்களுக்கு ஒரு வசதி உண்டு என்றுகூடச் சொல்வேன்: பிறவித் திறமையால் ஓடியவனுக்குத் தான் எப்படி ஓடினோம் என்பதே பல நேரம் தெரியாது, பெஞ்சில் இருந்து நான்கு ஆண்டுகள் பார்த்தவன், கண்ணைத் திறந்து வைத்திருந்தால், பதினோரு பேரும் என்ன செய்தார்கள் என்பதைப் பார்த்திருப்பான்.

அந்தக் குவார்ட்டர்பேக் பையனோடு உங்கள் மகனை ஒப்பிடுவதையும் நிறுத்தச் சொல்லுங்கள். அமெரிக்கா முழுவதும் உயர்நிலைப் பள்ளிகளில் ஏறத்தாழ பத்து லட்சம் மாணவர்கள் ஃபுட்பால் ஆடுகிறார்கள். அவர்களில் கல்லூரி அணிக்குப் போவோர் நூற்றுக்கு ஏழு பேர் அளவில்தான், முதல் பிரிவுக் கல்லூரிகளுக்கு மூன்று பேர் அளவில்தான். பள்ளியில் ஒளி வீசியவர்களின் கதையும் ஒரே மாதிரி முடிவதில்லை. ஹூஸ்டனுக்கு அருகிலுள்ள சுகர் லேண்டில் 1950 முதல் 1953 வரை ஆடிய கென் ஹால் பந்தோடு மொத்தம் 11,232 கெஜம் ஓடினார். அந்தச் சாதனையை 2012-இல் ஃபுளோரிடாவின் யூலி ஊர்ப் பையன் டெரிக் ஹென்ரி முறியடிக்கும்வரை, அறுபது ஆண்டுக்குச் சற்றுக் குறைய, யாராலும் தொட முடியவில்லை. ஹென்ரி 2015-இல் சிறந்த கல்லூரி ஆட்டக்காரருக்கான ஹைஸ்மன் விருது பெற்று, 2020-இல் தொழில்முறை லீக்கான என்எஃப்எல்லில் ஒரே பருவத்தில் 2,027 கெஜம் ஓடினார். கென் ஹாலோ டெக்சாஸ் ஏ அண்ட் எம் பல்கலைக்கழக அணியில் பயிற்சியாளர் பேர் பிரையன்ட்டின் முறைக்குப் பொருந்தாமல் பாதியில் வெளியேறி, தொழில்முறை ஆட்டத்தில் சிறிது காலம் மட்டும் ஆடி ஓய்ந்தார். வரவிருக்கும் நாளில் உங்கள் மகன் கையில் இப்படி ஒருவன் சிக்கினால் அது யோகம். ஆனால் உங்கள் மகன் சம்பளம் வாங்கப்போவது நூற்றில் மற்ற தொண்ணூற்று மூன்று பேருக்காக.

அந்த வேலை எப்படிப்பட்டது என்பதைச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும். வெள்ளி இரவு விளக்கொளியில் நடக்கும் ஆட்டம்தான் நமக்குத் தெரிகிறது. மறுநாள் காலையில் பயிற்சியாளர்கள் காணொளியின் முன்னால் உட்கார்ந்துவிடுவார்கள். நம் அணிப் பையன் பந்தோடு ஓடி மடக்கப்பட்டதை நாம் பார்ப்போம். அவர்கள் காட்சியை நிறுத்தி, பின்னோக்கி ஓட்டி, அவனுக்கு வழிவிட எதிரணியைத் தடுக்க வேண்டிய இடது கார்டு நிலையில் நின்ற பையனின் முதல் அடி ஆறு அங்குலம் முன்னால் போவதற்குப் பதிலாகப் பக்கவாட்டில் போயிருப்பதைப் பார்ப்பார்கள். திங்கட்கிழமை அந்தப் பையனுக்கு அதைக் காட்டி, அவன் கூனிக் குறுகிவிடாமல், அதே சமயம் அலட்சியமாகவும் எடுத்துக்கொள்ளாமல், அந்த ஓர் அடியை நாற்பது தடவை திரும்பத் திரும்ப எடுத்துவைக்கச் செய்வதுதான் பயிற்சி. அடிப்படையில் இது வகுப்பறை வேலை. என்எஃப்எல்லின் மாபெரும் பயிற்சியாளராகப் போற்றப்படும் வின்ஸ் லொம்பார்டி 1939-இல் நியூ ஜெர்சியின் செயின்ட் சிசிலியா பள்ளியில் தொடங்கியபோது, ஃபுட்பாலோடு லத்தீனும் வேதியியலும் இயற்பியலும் கற்பித்தார். கலிஃபோர்னியாவின் டி லா சால் பள்ளியைத் தொடர்ச்சியாக 151 ஆட்டங்கள் வெல்ல வைத்த பாப் லடூசர் அங்கே சமய பாட ஆசிரியர். அவர் அணியில் ஒவ்வொரு மாணவனும் அந்த வாரத்துக்கான தன் இலக்குகளை ஓர் அட்டையில் எழுதி, ஆட்டத்துக்கு முன்பு சக ஆட்டக்காரன் ஒருவனிடம் வாக்குறுதியாகப் படித்துக் கொடுக்கும் வழக்கம் இருந்தது.

டெக்சாஸில் இந்த ஆசிரியப் பக்கத்துக்கு இன்னொரு அழுத்தமும் உண்டு. 1984-ஆம் ஆண்டின் கல்விச் சட்டத்திலிருந்து, பாடத்தில் 70 மதிப்பெண்ணுக்குக் கீழே போன மாணவன் ஆட்டத்தில் இறங்க முடியாது. அணியின் சிறந்த ரன்னிங் பேக் (பந்தோடு ஓடும் ஆட்டக்காரன்) அல்ஜீப்ராவில் 66 வாங்கிவிட்டால், பயிற்சியாளர்தான் அவனை உட்கார வைக்க வேண்டும், பிறகு தேற வைக்கவும் வேண்டும். தலையில் அடிபட்டிருக்கலாம் என்ற சந்தேகம் வந்தாலும் அப்படித்தான்: 2011-இல் வந்த மாநிலச் சட்டப்படி உடனே வெளியே எடுக்க வேண்டும், மருத்துவர் அனுமதிக்கும்வரை திரும்ப விடக் கூடாது. ஸ்கோர் சமமாக இருக்கும்போது, அரங்கம் முழுவதும் கத்திக்கொண்டிருக்கும்போது, அந்தப் பையனே "எனக்கு ஒன்றுமில்லை" என்று கெஞ்சும்போது அதைச் செய்யும் நெஞ்சுரம் தன்னிடம் இருக்கிறதா என்று உங்கள் மகன் யோசிக்கட்டும். ஆட்ட உத்திகளைக் கற்றுக்கொள்ளலாம். இது அவ்வளவு எளிதில் வருவதில்லை.

படிப்பைத் தொடர்ந்தால் அவனுக்கு ஒரு கூடுதல் பலமும் கிடைக்கும். உடற்கல்வியும் சமூக அறிவியலும் கற்பிக்க வரும் பயிற்சியாளர்கள் ஏராளம். கணிதமும் கணினி அறிவியலும் கற்பிக்க ஆசிரியர்களுக்குத் தட்டுப்பாடு. ஒரே ஆளால் இரண்டு காலியிடங்களை நிரப்ப முடியும் என்றால் பள்ளி முதல்வர் அவன் விண்ணப்பத்தை மேலே எடுத்து வைப்பார். தொடக்கத்தில் நடுநிலைப் பள்ளி அணியோ ஒன்பதாம் வகுப்பு அணியோதான் கிடைக்கும். பல மாவட்டங்களில் அணிப் பேருந்தை ஓட்டுவதற்கான உரிமமும் எடுக்கச் சொல்வார்கள். டாலஸ் சுற்றுவட்டாரத்தில் புதிய ஆசிரியருக்கு ஆண்டுக்கு அறுபதாயிரம் டாலரை ஒட்டிய சம்பளம், பயிற்சிக்குத் தனிப்படி, ஆசிரியர் ஓய்வூதியம் ஆகியவை உண்டு. பெரிய பள்ளிகளின் தலைமைப் பயிற்சியாளர்கள் ஒரு லட்சம் டாலருக்கு மேல் வாங்குகிறார்கள். மென்பொருள் வேலையோடு ஒப்பிட்டால் இது குறைவு, நேரமோ அதிகம்: ஆகஸ்ட் முதல் நவம்பர் வரை குடும்பம் அவனைப் பார்ப்பது அபூர்வம். தலைமைப் பயிற்சியாளர் மாறினால் உதவியாளர்களும் மூட்டை கட்ட நேரிடும். இதையெல்லாம் உங்கள் கணவரிடம் மறைக்காமல் சொல்லுங்கள்; கல்வி மாவட்டங்களின் சம்பளப் பட்டியல்கள் பொதுவில் கிடைப்பவை, அவரே பார்க்கலாம்.

கல்லூரிப் பயிற்சியாளராகிப் பெரும்பணம் சம்பாதிப்பேன் என்று மகன் சொன்னால் மட்டும் சற்று எச்சரிக்கை தேவை. ஒஹாயோவின் மோலர் பள்ளியில் 178 வெற்றி, 23 தோல்வி என்று கொடி நாட்டிய ஜெரி ஃபாஸ்ட் 1981-இல் நேராக நோட்ர டேம் பல்கலைக்கழகத்துக்குப் போனார். ஐந்து ஆண்டுகளில் 30 வெற்றி, 26 தோல்வியோடு விலகினார். உங்கள் ஊருக்கு அருகிலேயே, சவுத்லேக் கேரல் பள்ளியில் ஐந்து ஆண்டுகளில் ஒரே ஓர் ஆட்டம் மட்டும் தோற்ற டாட் டாட்ஜ், நார்த் டெக்சாஸ் பல்கலைக்கழகத்தில் ஆறு வெற்றிகளுக்கு 37 தோல்விகள் கண்டு நீக்கப்பட்டார். ஆனால் அவர் பள்ளிக்கே திரும்பி, ஆஸ்டின் வெஸ்ட்லேக் அணியோடு 2019 தொடங்கி அடுத்தடுத்து மூன்று மாநிலப் பட்டங்கள் வென்றார். அதில் ஒன்று தன் சொந்த மகன் பயிற்சியளித்த சவுத்லேக் கேரலைத் தோற்கடித்து. தென் கரோலினாவின் சம்மர்வில் பள்ளியை விட்டு அசையவே அசையாத ஜான் மெக்கிசிக், 1952 முதல் 2014 வரை அங்கேயே இருந்து 621 ஆட்டங்கள் வென்றார். பள்ளிப் பயிற்சியாளர் வேலையை வேறெங்கோ போவதற்கான படிக்கட்டாக நினைப்பவன் அதில் நிம்மதியாக இருக்க மாட்டான் என்பது என் கணிப்பு.

ஆகவே இப்போதைக்கு நீங்கள் யார் பக்கமும் பேச வேண்டாம். கணினிப் படிப்பைத் தொடர்ந்தபடியே, ஆசிரியர் சான்றிதழுக்கு வழிசெய்யும் பாடங்கள் தன் பல்கலைக்கழகத்தில் உண்டா என்று மகன் விசாரிக்கட்டும். இல்லாவிட்டால் பட்டத்துக்குப் பிறகு சேரும் மாற்றுச் சான்றிதழ்த் திட்டங்கள் டெக்சாஸில் நிறைய உள்ளன. பல்கலைக்கழக அணியின் காணொளிப் பிரிவில் மாணவ உதவியாளராகச் சேர முயலட்டும். வரும் இலையுதிர் பருவத்தில், பத்து வயதுப் பிள்ளைகள் ஆடும் இளையோர் அணி ஒன்றுக்குச் சம்பளமில்லாமல் பயிற்சியளிக்கட்டும். ஹெல்மெட் பட்டையை மாட்டத் தெரியாத பிள்ளைகளும், தன் மகனுக்கு ஏன் பந்து கொடுக்கவில்லை என்று வேலியோரம் நின்று கேட்கும் தகப்பன்மார்களும் அங்கே இருப்பார்கள். ஒரு சனிக்கிழமை உங்கள் கணவரையும் அந்த மைதானத்துக்கு அழைத்துப் போங்கள். பருவம் முடிந்த பிறகும் மகன் இதே பேச்சைப் பேசினால், அப்போது மூவரும் உட்கார்ந்து பேசுங்கள்.