வெயிலடிச்சா வெள்ளம் வர்ற ஆறு: தூண்டில் கேள்வி-பதில்

கேள்வி: பையன் அமெரிக்காவுல மொன்டானா, போஸ்மன்ல பிஎச்டி பண்றான். மே கடைசில நானும் வீட்டம்மாவும் போறோம். ஃப்ளை ராட் (பொய்ப் பூச்சி, அதாவது ஃப்ளை, கட்டி வீசுற தூண்டில்) வச்சு, குளிர்ந்த தண்ணி மீனான ட்ரௌட் ஒண்ணாவது பிடிக்கணும்னு ரொம்ப நாள் ஆசை. அப்போ வெயில் சூப்பரா இருக்கும்னு பையன் சொல்றான். போகலாமா? (சென்னை வாசகர்)

பதில்: சார், வெயில் சூப்பரா இருக்கும்ல, பிரச்சனையே அதுதான். நம்ம ஊர்ல மழை பெஞ்சா ஆத்துல தண்ணி வரும், அங்க வெயிலடிச்சா வரும். குளிர்காலம் பூரா மலை மேல சேர்ந்து கிடந்த பனி மே, ஜூன்ல உருகி மொத்தமா கீழ இறங்கும், அப்போ போஸ்மனைச் சுத்தி இருக்கிற கேலட்டின், யெல்லோஸ்டோன் ஆறெல்லாம் பால் ஊத்துன டீ கலர்ல நுங்கும் நுரையுமா ஓடும், இதை அங்க ரன்ஆஃப்ம்பாங்க. கலங்கல் தண்ணில நீங்க போடுற ஃப்ளை மீன் கண்ணுக்குத் தெரியாது, உள்ள இறங்கினா கால் நிக்காது. பனி நிறைய விழுந்த வருஷம்னா யெல்லோஸ்டோன் ஆறு தெளியவே ஜூலை ஆகிடும்.

டிக்கெட்டை கேன்சல் பண்ணிடாதீங்க, அதுக்கு வழி இருக்கு. யெல்லோஸ்டோன் பார்க்குக்குள்ள ஃபயர்ஹோல்னு ஒரு ஆறு. வெந்நீர் ஊத்து, கீசர் (பூமிக்குள்ளேர்ந்து பீச்சியடிக்கிற வெந்நீர்) தண்ணியெல்லாம் அதுல வந்து கலக்குது, அதனால மத்த ஆறெல்லாம் ஐஸ் தண்ணியா கலங்கி ஓடுற மே கடைசி, ஜூன்லயே இங்க தண்ணி வெதுவெதுன்னு ஓரளவு தெளிஞ்சு இருக்கும், ட்ரௌட்டும் மேல வந்து பூச்சி எடுக்கும். பார்க்ல பொதுவா மீன் சீசன் ஆரம்பிக்கிறதே மே கடைசில வர்ற மெமோரியல் டே லீவு சனிக்கிழமைதான், உங்க பயணத்துக்கு அப்படியே பொருந்துது. பார்க்குக்குத் தனி பெர்மிட் வாங்கணும், மொன்டானா லைசென்ஸ் அங்க செல்லாது. ஃபயர்ஹோல்ல ஃப்ளை மட்டும்தான், புழு கிழுன்னு எடுத்துட்டுப் போயிடாதீங்க. ஆனா இதே ஆறு ஜூலை நடுவுல சூடாகி மீனுக்கே தாங்காது, அப்போ அந்தப் பக்கம் போகவே கூடாது.

இன்னொரு வழி அணைக்குக் கீழ மீன் பிடிக்கிறது. மிசௌரி ஆத்துல ஹோல்டர் அணைக்குக் கீழ, கிரெய்க்னு சின்ன ஊர், போஸ்மன்லேர்ந்து ரெண்டு மணி நேரத்துக்குக் கொஞ்சம் மேல டிரைவ். கலங்கலெல்லாம் நீர்த்தேக்கத்துலயே படிஞ்சிடுறதால கீழ வர்ற தண்ணி பெரும்பாலும் தெளிவா இருக்கும்.

கிளம்புறதுக்கு முன்னாடி பையனை யூஎஸ்ஜிஎஸ் (அமெரிக்க அரசோட புவியியல் ஆய்வு நிறுவனம்) சைட்டைப் பாக்கச் சொல்லுங்க. எந்த ஆத்துல விநாடிக்கு எத்தனை கன அடி ஓடுதுன்னு அன்னன்னைக்கு வந்துக்கிட்டே இருக்கும், நாம நியூஸ்ல மேட்டூர் நீர்வரத்து பாப்போமே, அதேதான். நம்பர் ஏறிக்கிட்டே இருந்தா வீட்ல இருங்க, ரெண்டு மூணு நாளா இறங்கிக்கிட்டு இருந்தா ராடை எடுங்க.

கேள்வி: ரெண்டு விண்டரா ஸ்டீல்ஹெட்டுக்குப் போறேன், ஒண்ணு கூட மாட்டல. மழை நின்ன மறுநாள் காலைலயே போய் நிக்கிறேன், வேற என்னதான் பண்றது? (ஆரிகன், ஹில்ஸ்பரோ வாசகர்)

பதில்: தம்பி, ரெண்டு விண்டர் எல்லாம் ஒரு கணக்கே இல்ல, எனக்கு மூணு ஆச்சு. ஆயிரம் வீச்சுக்கு ஒரு மீன்னு இதைச் சொல்றது சும்மா இல்ல. ஸ்டீல்ஹெட்ங்கிறது வேற ஒண்ணுமில்ல, கடலுக்குப் போய் வளர்ந்து முட்டை போட ஆத்துக்குத் திரும்பி வர்ற ரெயின்போ ட்ரௌட்டுதான். வர்ற வழில அது சாப்பிடணும்னே வர்றதில்ல, எரிச்சல்லயோ பழைய ஞாபகத்துலயோதான் கவ்வுது, அதனால ட்ரௌட்டுக்குப் போடுற மாதிரி பூச்சி கணக்குப் போட்டா வேலைக்கு ஆகாது.

நீங்க கோட்டை விடுற இடம் அந்த "மறுநாள்"தான். மழையில ஆறு ஏறும்போது கடல்லேர்ந்து மீன் உள்ள வருது, சரி, ஆனா அப்போ தண்ணி காபி கலர்ல இருக்கும். இறங்க ஆரம்பிச்சு, காபி போய் லேசா பச்சை அடிச்சு, முழங்கால் தண்ணில நின்னா உங்க பூட் நுனி மங்கலா தெரியுதே, அந்த ஒரு ரெண்டு நாள்தான் உங்க நாள். அது ஒவ்வொரு ஆத்துக்கும் வேற. சின்ன ஓடைன்னா ஒரே நாள்ல தெளிஞ்சிடும், வில்சன் ஆறு அதுக்கு அப்புறம், நெஹாலெம் ஆறு இருக்கே அது கடைசி பெஞ்ச், எல்லா ஆறும் தெளிஞ்ச பிறகும் அது கலங்கியே கிடக்கும். அதனால மழைக்கு அப்புறம் ஒரே ஆத்துல போய் தவம் கிடக்காம சின்னதுலேர்ந்து பெருசுக்கு மாறிக்கிட்டே போங்க.

அப்புறம் ஒரு தெர்மாமீட்டர் வாங்குங்க, ஃப்ளை வாங்குற காசுல அது ஒண்ணுமே இல்ல. தண்ணி 4, 5 டிகிரி செல்சியஸ்ல இருந்தா மீன் நகர சோம்பேறித்தனப்படும், ஃப்ளை அது மூக்குக்கு முன்னாடி மெதுவா ஆடி வரணும், சிங்க் டிப் (நுனி மட்டும் மூழ்குற தூண்டில் கயிறு) போட்டு ஆழத்துல விடுங்க. அதுவே கோடைல வர்ற ஸ்டீல்ஹெட், உதாரணமா டெஷூட்ஸ் ஆத்துல, வெதுவெதுப்பான தண்ணில மேல் மட்டத்துக்கே துரத்தி வரும். அங்கயும் ஒரு வில்லங்கம் இருக்கு, சுட்டெரிக்கிற வெயில்ல மவுண்ட் ஹூட் பனியாறு உருகி வொயிட் ரிவர் வழியா மாவு மாதிரி வண்டலைக் கொண்டுவந்து மோப்பின் ஊருக்குக் கீழ கொட்டிடும், அப்போ அந்த சங்கமத்துக்கு மேல போயிடணும்.

கேள்வி: போன ஆகஸ்ட்ல மொன்டானா போனோம். மத்தியானம் 2 மணிக்கு மேல மீன் பிடிக்கக் கூடாதுன்னு போர்டு, "ஹூட் அவுல்"னு போட்டிருந்துச்சு. ஆந்தைக்கும் மீனுக்கும் என்ன சம்பந்தம்? (பெங்களூரு வாசகி)

பதில்: மீனுக்கும் ஆந்தைக்கும் சம்பந்தமில்லைங்க, மரம் வெட்டுறவங்களுக்குத்தான். காட்டுத்தீ பயத்துனால கோடைல விடியறதுக்கு முன்னாடியே, ஆந்தை கத்துற நேரத்துல வேலையை ஆரம்பிச்சு மத்தியானத்துக்குள்ள முடிச்சிடுவாங்களாம், அந்தப் பேர் ஆத்துக்கும் ஒட்டிக்கிச்சு. தண்ணி தொடர்ந்து மூணு நாள் 73 டிகிரி ஃபாரன்ஹீட்டைத் தொட்டுதுன்னா, அதாவது கிட்டத்தட்ட 23 செல்சியஸ், 2 மணிலேர்ந்து நடுராத்திரி வரை தடை போடுவாங்க. சூடான தண்ணில ஆக்சிஜன் கம்மி, அதுல தூண்டில்ல மாட்டிப் போராடின ட்ரௌட்டை நீங்க எவ்ளோ பதமா திருப்பி விட்டாலும் கொஞ்ச நேரத்துல செத்து மிதக்கும். எனக்கே நடந்திருக்கு. தடை இல்லாத நாள்தான், தண்ணி 21 டிகிரி செல்சியஸ், நல்ல பெரிய மீன்னு போட்டோவுக்காக ரெண்டு தடவை தூக்கினேன். விட்டதும் வயிறு மேல திரும்பிடுச்சு, பத்து நிமிஷம் பிடிச்சு நிறுத்திப் பாத்தேன், பிழைக்கல. அப்புறம் 20ஐ தாண்டினா நானே ராடை மடிச்சிடுறது.

கேள்வி: ஊட்டி அவலாஞ்சில இருக்கிறதும் இதே ட்ரௌட்டா? (கோத்தகிரி வாசகர்)

பதில்: அதே ரெயின்போதான். வெள்ளைக்காரங்க நூறு வருஷத்துக்கு மேல முன்னாடி கொண்டுவந்து விட்டது. நம்ம பக்கம் பனி உருகுற கதை இல்ல, தென்மேற்குப் பருவமழைதான் எல்லாத்தையும் கலக்கி விடும்.

கேள்வி: என் வீட்டுக்காரர் டிசம்பர்லேர்ந்து சனிக்கிழமை ஆனா காலைல 4 மணிக்கு ஸ்டீல்ஹெட்னு கிளம்புறார், ராத்திரி வெறுங்கையோட வர்றார். நிஜமாவே மீன் பிடிக்கத்தான் போறாரா? (சியாட்டில் வாசகி)

பதில்: வெறுங்கையை வச்சு முடிவு பண்ணாதீங்கம்மா. முதுகுக்குப் பின்னாடி வால் பக்கமா ஒரு குட்டித் துடுப்பு இருக்கும், பண்ணையில வளர்த்து விட்ட மீனுக்கு அதை வெட்டியிருப்பாங்க. அது முழுசா இருந்தா இயற்கையா பொறந்த மீன், அங்க அதைத் தண்ணியை விட்டு வெளிய எடுக்காமலே விட்டுடணும். அதனால அப்படி ஒண்ணைப் பிடிச்சாலும் வெறுங்கைதான், பிடிக்கலைன்னாலும் வெறுங்கைதான். ஆத்துல இறங்கப் போடுற தண்ணி புகாத பேன்ட், வேடர்னு சொல்றது, அதைத் தொட்டுப் பாருங்க, ஈரமா இருந்தா ஆத்துக்குத்தான் போயிருக்கார்.