நெப்ராஸ்கால மாட்டு ராஞ்ச் வாங்கலாமான்னு கேட்ட தம்பிக்கு

தம்பி, அமெரிக்காவுல நெப்ராஸ்கா மாநிலத்துல புல்லு மூடின மணல்மேடா இருக்கற சாண்ட்ஹில்ஸ் பக்கம் ஒரு பெரிய ராஞ்ச், அதாவது மாட்டுப் பண்ணை, மாடு கன்னோட விலைக்கு வருது, நாலஞ்சு ஃப்ரெண்ட்ஸ் சேந்து வாங்கி ஒருத்தர் மட்டும் அங்க குடியேறலாமா, ஹெச்1பி வேலை விசாவுல முடியுமா, அத வச்சு க்ரீன் கார்டு வாங்கலாமா, குளிர், ஸ்கூல் எல்லாம் எப்படின்னு கேட்டிருக்கீங்க.

விசா விஷயத்த முதல்ல முடிச்சிடறேன். ஹெச்1பி-ல ஸ்பான்சர் கம்பெனி வேலை தவிர வேற வேலை பாக்கக்கூடாது, சொந்த மாட்ட மேய்க்கறதும் வேலைதான். தொழில்ல பணம் போட்டு வர்றவங்களுக்கான ஈ-2 விசா இந்தியாவுக்கு கிடையாது. முதலீடு போட்டு க்ரீன் கார்டு வாங்கற ஈபி-5-க்கு கிராமப்பகுதின்னா 8 லட்சம் டாலர் போடணும், கூட 10 பேருக்கு முழுநேர வேலை உருவாக்கிக் காட்டணும். ஆயிரம் மாடு இருக்கற ராஞ்சையே மூணு நாலு பேர் ஓட்டிடறாங்க தம்பி, பத்து பேருக்கு எங்க போவீங்க? க்ரீன் கார்டு இல்லாதவங்க விவசாய நிலம் வாங்கினா 90 நாளுக்குள்ள மத்திய விவசாயத் துறைக்கு சொல்லணும்னு 1978-லருந்தே சட்டம் இருக்கு, நெப்ராஸ்காவுக்கு தனிச் சட்டமும் உண்டு, லாயர பாக்காம அட்வான்ஸ் குடுத்துடாதீங்க.

இப்ப நான் சொல்ல வந்ததுக்கு வரேன். விளம்பரத்துல இத்தனை ஆயிரம் ஏக்கர்னு போட்டிருப்பான். அதுல பட்டா நிலம் எவ்வளவு, லீஸ் எவ்வளவுன்னு பிரிச்சு கேளுங்க. இங்க நிலத்த சதுர மைல் துண்டா அளந்து நம்பர் போட்டிருக்காங்க, அதுல 16, 36-ம் நம்பர் செக்‌ஷன் நிறைய மாநிலத்தோட ஸ்கூல் நிலம், அது குத்தகைதான், உங்களுக்கு சொந்தமாகாது. அப்புறம் நம்ம ஆளுங்க ஏக்கர்னு கேட்டதும் பிளாட் கணக்கு போட ஆரம்பிச்சிடறாங்க, எனக்கு அதுல ரொம்பவே கோவம். இங்க ஏக்கருக்கு மதிப்பே அதுல முளைக்கற புல்லுதான். ஒரு தாய்மாடும் கன்னும் வருஷம் பூரா நிக்க சுமாரா 15, 20 ஏக்கர் வேணும், மழை இல்லாத வருஷம் இன்னும் கூட. அடியில முழுக்க மணல், மேல புல்லு ஒரு தோல் மாதிரி மூடியிருக்கு, அவ்வளவுதான். ஒரே இடத்துல மாட்ட அதிகமா விட்டு அந்தத் தோல் கிழிஞ்சா காத்து தோண்டி பெரிய குழியாக்கிடும், அதுக்கு இங்க ப்ளோஅவுட்னு பேரு, மறுபடி புல் பிடிக்க வருஷக்கணக்காகும். 1904-ல கின்கெய்ட் சட்டம்னு போட்டு ஆளுக்கு 640 ஏக்கர் சும்மாவே குடுத்தாங்க, நிறைய பேர் உழுது பாத்து மணல் பறக்கவும் நிலத்த வித்துட்டு போயிட்டாங்க, வாங்கினது பக்கத்து ராஞ்ச்காரங்க. அதனால மீதி இடத்துல காய்கறி போடலாமான்னு கேட்டீங்களே, அந்த நெனப்பையே விட்டுடுங்க.

ராஞ்ச விக்கறவங்க கிட்ட கேக்க வேண்டியது, 2012 வறட்சியில எத்தனை மாட்ட வித்துக் கழிச்சாங்க, தண்ணி இறைக்கற விண்ட்மில் எத்தனை ஓடுது, தாழ்வான புல்வெளியில குளிருக்கு எத்தனை ஹே பேல் (காஞ்ச புல்லுக் கட்டு) எடுக்கறாங்க, வேலி கடைசியா எப்ப மாத்தினாங்க. வீட்டுக்குள்ள கிச்சன் எப்படின்னு பாக்கறதெல்லாம் அப்புறம்.

இன்னொண்ணு, இத யாரும் வெளிப்படையா பேச மாட்டேங்கறாங்க. அக்டோபர்ல பால் மறக்கடிச்சு விக்கற கன்னு பெரும்பாலும் தீவனம் போட்டு கொழுக்க வைக்கற ஃபீட்லாட்டுக்கு போகும், அங்கருந்து கறிக்கு. உங்க அம்மா அப்பா, உங்க மனசு, இத ஒத்துக்குமான்னு வீட்ல உக்காந்து பேசிட்டு வாங்க. எனக்கு அது லேசா இருந்ததில்ல, இப்பவும் லாரி ஏத்தற நாள் நான் அதிகம் பேசறதில்ல.

நாங்க வந்தது என் மனைவியோட டாக்டர் வேலைக்கு, விசா மாத்த கிராமத்துல மூணு வருஷம் வேலை பாக்கணும்னு கண்டிஷன். நாங்க இருக்கற செர்ரி கவுன்ட்டி (நம்ம ஊர் மாவட்டம் மாதிரி) கிட்டத்தட்ட 6,000 சதுர மைல், ஜனம் அதவிட கம்மி. முதல் குளிர்ல அவ நைட் டியூட்டியில இருக்கா, நான் ஒத்த ரோட்டுல பனியில வண்டி சிக்கி நிக்கறேன், ஃபோன்ல சிக்னல் இல்ல. டிராக்டர்ல வந்து இழுத்துவிட்ட பெரியவர் வீட்டுக்கு அனுப்பாம நேரா கன்னு ஈனுற ஷெட்டுக்கு கூட்டிட்டு போனார், அங்க தலைச்சன் கிடேரி ஒண்ணு முக்கிட்டு கிடந்தது, லைட்ட பிடின்னு கையில குடுத்தார். க்ரீன் கார்டு வந்ததும் அவர்கிட்டயே வேலைக்கு சேந்தேன். இன்னிக்கு நடுராத்திரி கால்ல சங்கிலி மாட்டி கன்ன இழுத்து, ட்யூப்ல சீம்பால் குடுத்து பிழைக்க வைக்கறது எனக்கு கைவந்த வேலை. 2019 மார்ச் புயல்ல நனைஞ்சு விறைச்ச கன்னுங்கள வீட்டு பாத்டப்புல வெந்நீர் விட்டு போட்டோம், என் மனைவி தான் தேய்ச்சுவிட்டா, சிலது தான் எழுந்துச்சு. பெரிய சிட்டியில இருக்கற நம்ம ஆளுங்க ராஞ்ச்ல பார்ட்னர்னு பேர் வாங்கிட்டு கோடையில மட்டும் ஃபோட்டோ எடுக்க வராங்க, அந்தக் கூட்டத்துல நீங்க சேரக்கூடாதுன்னுதான் இவ்வளவு எழுதறேன்.

ஸ்கூல், குளிர் எல்லாம் பாத்துக்கலாம், இங்க பிள்ளைங்க நல்லாத்தான் வளருது. பணம் கட்டறதுக்கு முன்னாடி மார்ச்ல லீவு போட்டுட்டு வாங்க, ராத்திரி ரெண்டு மணி ரவுண்டுக்கு என்கூட ஷெட்டுக்கு வாங்க, தங்க எங்க வீடு இருக்கு.