மலைக்குளத்து மீன்கள்: வாசகர் கேள்வி – பதில்

கேள்வி: கேரட் தோட்டத்தின் கீழ்மூலையில் ஐந்து சென்ட் அளவில் ஒரு குட்டை வைத்திருக்கிறோம். சாதா கெண்டை விட்டு இரண்டு வருடம் ஆகிறது. மூன்று நாள் வெயிலே வராமல் மூடுபனியாக இருந்தது. நாலாம் நாள் விடிகாலையில் பெரிய மீன்கள் ஆறு செத்து மிதந்தன, குஞ்சுகளுக்கு ஒன்றும் ஆகவில்லை. மேல்தோட்டத்தில் அடித்த மருந்து இறங்கியிருக்கும் என்கிறார்கள். அப்படித்தானா?
— வாசகர், கேத்தி

பதில்: மருந்தாக இருக்க வாய்ப்புக் குறைவு. மூச்சு முட்டிச் செத்திருக்கின்றன.

பூச்சிமருந்து இறங்கினால் சாவுக்கு வேளை கிடையாது. மழை பெய்து ஓடைநீர் வந்து சேர்ந்த சில மணி நேரத்தில், பட்டப்பகலிலும் சாகும். பெரியது, சிறியது என்று பார்க்காது. சொல்லப்போனால் குஞ்சுகள்தாம் முதலில் போகும், கூடவே தண்ணீர்ப் பூச்சிகளும் செத்து ஒதுங்கும். சைபர்மெத்ரின் போன்ற மருந்துகள் லிட்டருக்குச் சில மைக்ரோகிராம் அளவிலேயே மீனைக் கொல்லக்கூடியவை. அவை நரம்பைத் தாக்குவதால் மீன் சாகுமுன் சுழன்று சுழன்று நீந்தும், உடல் வெட்டி இழுக்கும். ஆக்சிஜன் குறைந்த சாவு வேறு மாதிரி. விடியலில் நடக்கும், பெரிய மீனில் தொடங்கும். செத்த மீனின் வாய் பிளந்திருக்கும், செவுள் மூடி விரிந்து நிற்கும்.

மலைத் தண்ணீர் குளிர்ந்தது, அதில் ஆக்சிஜன் தாராளம் என்று பலரும் நம்பியிருக்கிறார்கள். அது பாதிதான் உண்மை. கடல்மட்டத்தில் 15 டிகிரித் தண்ணீர் லிட்டருக்கு 10 மில்லிகிராம் ஆக்சிஜன் வரை கரைத்து வைத்திருக்கும். உதகையின் உயரத்தில் காற்றழுத்தம் முக்கால் பங்கைவிடச் சற்றே அதிகம், அவ்வளவுதான். அதனால் அதே 15 டிகிரித் தண்ணீர் இங்கே 8 மில்லிகிராமுக்குக் கீழேயே நிறைந்துவிடும். அதாவது சமவெளியில் 27, 28 டிகிரியில் கிடைப்பதைத்தான் நாம் இங்கே குளிரில் பெறுகிறோம்.

பகலில் பாசி ஆக்சிஜன் விடுகிறது. இரவில் பாசி, மீன், அடிச்சேற்றில் மட்கும் சாணம், கேரட் தழை எல்லாமே அதை இழுக்கின்றன. வெயில் வரும் நாளில் வரவு செலவு சரியாகிவிடும். மூன்று நாள் மூடுபனியில் வரவு நின்றது, செலவு நிற்கவில்லை. பெரிய மீனுக்கு உடல் எடையோடு ஒப்பிட்டால் செவுள் பரப்பு குறைவு, அதனால் முதலில் திணறுவது அதுதான்.

செத்து அரைமணி நேரத்துக்குள் கிடைக்கும் மீனின் செவுள் மூடியைத் தூக்கிப் பார்க்கப் பழகிக்கொள்ளுங்கள். ஒரு பக்கத்துக்கு நான்கு வளைவுகள், ஒவ்வொன்றிலும் சீப்புப் பல் போல இரண்டு வரிசைச் சிவப்பு இழைகள் இருக்கும். இழைக்குக் குறுக்கே கண்ணுக்குத் தெரியாத மெல்லிய தகடுகள் உண்டு. தகட்டுக்குள் இரத்தம் ஒரு திசையில் ஓட, வெளியே தண்ணீர் எதிர்த்திசையில் ஓடுகிறது. இந்த எதிரோட்டத்தால்தான் தண்ணீரில் உள்ள ஆக்சிஜனில் பெரும்பங்கை மீனால் உறிஞ்ச முடிகிறது. நல்ல செவுள் பளிச்சென்று சிவந்து, இழை இழையாகப் பிரிந்து நிற்கும். மண் அப்பியிருந்தால் மேட்டுப் பாத்தியிலிருந்து மழையில் கரைந்து வந்த சேறு. இரத்தமே காப்பித்தூள் நிறத்தில் இருந்தால் நைட்ரைட் நச்சு. வெளுத்திருந்தால் இரத்தசோகை, ஒட்டுண்ணி இருக்கிறதா என்று தேட வேண்டும்.

இனிச் செய்ய வேண்டியது. ஆக்சிஜன் மீட்டர் இரவல் கிடைத்தாலும் போதும், சூரியன் எழுமுன் ஒரு முறையும் பிற்பகல் இரண்டு மணிக்கு ஒரு முறையும் அளந்து பாருங்கள். விடியலில் 4 மில்லிகிராமுக்குக் கீழே இருந்தால் அன்று தீனி வேண்டாம். 3-க்குக் கீழே இருந்தால் அவசரம். குட்டைத் தண்ணீரையே மோட்டாரில் எடுத்து, துளையிட்ட குழாய் வழியாக மூன்று நான்கு அடி உயரத்திலிருந்து பூச்சொரிவது போல விழ வையுங்கள். மோட்டாரின் உறிஞ்சுவாய் மேல்மட்டத்திலேயே இருக்கட்டும். அடிச்சேற்றைக் கலக்கிவிட்டால் அங்கே தேங்கிய நச்சுவாயு கிளம்பி மிச்ச மீனையும் கொன்றுவிடும். மூடுபனி வாரங்களில் சாணம் போடுவதை நிறுத்துங்கள். ஏரேட்டர் (தண்ணீரில் காற்றைக் கலக்கும் கருவி) வைத்திருப்பவர்கள் பகலில் ஓட்டி மின்சாரத்தைச் செலவழிக்காமல் இரவு இரண்டு மணி முதல் காலை ஏழு வரை ஓட்டினால் போதும்.

கேள்வி: மார்கழியில் எங்கள் கெண்டைகள் தீனியைத் திரும்பிக்கூடப் பார்ப்பதில்லை. நோயா? தீனியை மாற்றலாமா?
— வாசகர், மன்னவனூர், கொடைக்கானல் மேல்மலை

பதில்: நோயில்லை. மீனின் உடல்சூடு தண்ணீரின் சூடுதான். தண்ணீர் குளிர்ந்தால் செரிமான நொதிகளின் வேகம் குறையும், குடலில் தீனி நகர்வதும் மெதுவாகும். கெண்டைக்கு இரைப்பையே கிடையாது, தின்றது நேரே குடலுக்குப் போகிறது. அதனால் அதற்கு எப்போதுமே கொஞ்சம் கொஞ்சமாகப் பலமுறை கொடுப்பதுதான் பொருந்தும்.

தண்ணீர் 20 டிகிரிக்கு மேல் இருக்கும்போது உடல் எடையில் 2 முதல் 3 சதவீதம் கொடுக்கலாம். 15-ஐ ஒட்டி வந்தால் 1 சதவீதம், 12-க்கு வந்தால் நாள்விட்டு நாள் அரை சதவீதம். 10-க்குக் கீழே இறங்கினால் நிறுத்திவிடுங்கள், கெண்டை சில வாரம் பட்டினி தாங்கும். கொடுக்கும் நேரம் காலை பதினொன்றிலிருந்து பிற்பகல் இரண்டுக்குள் இருக்கட்டும். பழைய தட்டு ஒன்றைக் கயிற்றில் கட்டி இறக்கி, அதில் தீனி வைத்து அரைமணி கழித்துத் தூக்கிப் பாருங்கள். மிச்சம் இருந்தால் மறுநாள் பாதியாகக் குறையுங்கள். தீனியை மாற்றுவதால் ஒன்றும் ஆகப்போவதில்லை. தின்னாத பிண்ணாக்கு அழுகி அடுத்த கேள்வியில் வரும் தொல்லையைத்தான் கொண்டுவரும்.

கேள்வி: சோதனைப் பெட்டியில் அம்மோனியா லிட்டருக்கு 1 மில்லிகிராம் காட்டுகிறது. ஆபத்து என்கிறார் ஒருவர், ஒன்றுமில்லை என்கிறார் இன்னொருவர். யார் சொல்வது சரி?
— வாசகர், பூம்பாறை

பதில்: பிஎச் (தண்ணீரின் அமில, காரத் தன்மையைக் காட்டும் எண்) எவ்வளவு என்று தெரியாமல் இரண்டு பேருமே சொல்லியிருக்க முடியாது. பெட்டி காட்டுவது மொத்த அம்மோனியா. அதில் மீனுக்கு நஞ்சாவது மின்னூட்டம் இல்லாத பகுதி மட்டுமே, செவுளைத் தாண்டி இரத்தத்துக்குள் எளிதாகப் புகுவது அதுதான். அதன் பங்கை பிஎச் தீர்மானிக்கிறது. 15 டிகிரியில் பிஎச் 7 என்றால் உங்கள் 1 மில்லிகிராமில் நச்சுப்பகுதி 0.003-ஐத் தாண்டாது. பிஎச் 8 என்றால் 0.027, பிஎச் 9 என்றால் 0.2. நீண்டநாள் பாதுகாப்புக்கு 0.02-க்குள் வைத்திருக்க வேண்டும்.

மலை ஊற்றுநீர் பெரும்பாலும் சுண்ணாம்புச்சத்துக் குறைந்தது, பிஎச்-ஐப் பிடித்து நிறுத்தும் வலு அதற்கில்லை. பாசி அடர்ந்த குளத்தில் காலையில் 6.8 இருந்தது பிற்பகல் மூன்று மணிக்கு 9-ஐத் தொடலாம். ஆகவே அம்மோனியாவையும் பிஎச்-ஐயும் பிற்பகலில் சேர்த்தே அளவிடுங்கள். இந்த ஏற்ற இறக்கத்தை அடக்க, விவசாயச் சுண்ணாம்பு எனப்படும் அரைத்த சுண்ணாம்புக்கல் தூளை நூறு சதுரமீட்டருக்கு 2 முதல் 5 கிலோ வரை பரவலாகத் தூவலாம். மீன் இருக்கும்போதே போடலாம். வெள்ளையடிக்கும் சுட்ட சுண்ணாம்பை மட்டும் மீன் உள்ள குளத்தில் போட்டுவிடாதீர்கள், பிஎச் ஒரேயடியாக ஏறி மீன் வெந்துபோகும். அது வற்றிய குளத்தின் தரைக்கு உரியது.

கேள்வி: கோவையிலிருந்து வாங்கிவந்த கோய் மீன்களின் முதுகில் ஒரு வாரத்தில் பஞ்சு ஒட்டியது போல வந்திருக்கிறது. பச்சை மருந்து போடச் சொன்னார்கள். போடலாமா?
— வாசகர், குன்னூர்

பதில்: பச்சை மருந்து என்றது மாலகைட் கிரீன் என்னும் சாயமாக இருக்கும். வேண்டாம். கையாளும் மனிதருக்கும் அது கெடுதல், மீனின் சதையில் நெடுநாள் தங்கும், உணவு மீனுக்குத் தடைசெய்யப்பட்டது. உங்கள் தொட்டித் தண்ணீர் கடைசியில் யாரோ ஒருவருடைய ஓடைக்குத்தானே போகும்?

அந்தப் பஞ்சு சாப்ரோலெக்னியா என்னும் நீர்ப்பூஞ்சை வகை. தண்ணீரில் எப்போதும் இருப்பது, நல்ல தோலில் ஒட்டாது. மீனின் வழவழப்பு வெறும் வழுவழுப்பல்ல, அது ஒரு கவசம். முடிச்சு வலையில் அள்ளியதிலோ காய்ந்த கையால் பிடித்ததிலோ அது வழித்து எடுக்கப்பட்ட இடத்தில்தான் பூஞ்சை முளைக்கும். அதோடு கோவையின் வெதுவெதுப்பான தண்ணீரிலிருந்து குன்னூர்க் குளிருக்கு ஒரே நாளில் வந்திருக்கிறது. குளிரில் கோய் போன்ற கெண்டை இனத்தின் நோய் எதிர்ப்பு மந்தமாகிவிடும்.

முதலில் உப்புக் குளியல் கொடுங்கள். அயோடின் கலக்காத கல்லுப்பு 300 கிராமை, அதே தொட்டித் தண்ணீர் 10 லிட்டரில் முழுக்கக் கரையுங்கள். கரையாத கல் மீன்மேல் பட்டால் புண்ணாகும். காற்றுக்கல் (தண்ணீருக்குள் காற்றுக்குமிழி விடும் கல்) ஓடட்டும். மீனை விட்டு அருகிலேயே நில்லுங்கள். ஐந்து நிமிடம் போதும், அதற்குள் பக்கவாட்டில் சாய்ந்தால் உடனே எடுத்துவிடுங்கள். நாள்விட்டு நாள் மூன்று முறை செய்யலாம். தொட்டியில் 100 லிட்டருக்கு 300 கிராம் என்ற மெல்லிய உப்பை ஒரு வாரம் வைத்திருங்கள். இதற்குக் காரணம் உண்டு. மீனின் இரத்தத்தில் உப்பு சுமார் 0.9 சதவீதம், நம் மலைத் தண்ணீரிலோ கிட்டத்தட்ட இல்லை. புண் வழியாக உப்பு வெளியே கசிய, தண்ணீர் உள்ளே ஏறுகிறது. அதைச் சரிக்கட்டவே மீனின் சக்தியெல்லாம் போகிறது. தண்ணீரில் சிறிது உப்பிருந்தால் அந்தச் சுமை குறைந்து புண் ஆறும். நீர்ச்செடிகளை மட்டும் முன்னதாக எடுத்துவிடுங்கள்.

கேள்வி: தங்கமீன்களுக்கு வெண்புள்ளி. பாட்டிலில் போட்டிருந்தபடி மூன்று நாள் மருந்து ஊற்றினேன். புள்ளி மறைந்தது, பத்து நாளில் திரும்பிவிட்டது. மருந்து போலியா?
— வாசகர், கோத்தகிரி

பதில்: மருந்து நல்லதாகவே இருக்கலாம். அந்த மூன்று நாள் கணக்கு வெப்பமான ஊர்களுக்கு எழுதப்பட்டது. நீங்கள் பார்க்கும் வெண்புள்ளி, தோலுக்கு அடியில் உட்கார்ந்திருக்கும் ஓரணு ஒட்டுண்ணி. அங்கே மருந்து எட்டாது. வளர்ந்ததும் அது கழன்று விழுந்து, தொட்டியின் அடியில் கூடு கட்டி, நூற்றுக்கணக்கில் பிரிந்து, மீனைத் தேடி நீந்தி வரும். மருந்துக்குச் சிக்குவது நீந்தும் அந்தப் பருவம் மட்டுமே. இந்தச் சுற்று 25 டிகிரியில் ஒரு வாரத்துக்குள் முடியும், 15 டிகிரியில் பத்து நாள், இரண்டு வாரம் ஆகும், 10 டிகிரியில் ஒரு மாதத்தையும் தாண்டும். உங்கள் மருந்து தீர்ந்தபோது கூடுகள் திறக்கவே இல்லை.

ஹீட்டர் வைக்க முடிந்தால் மணிக்கு ஒரு டிகிரிக்கு மிகாமல் 25 வரை ஏற்றி, 0.3 சதவீத உப்பை இரண்டு வாரம் வையுங்கள். சூடேறினால் ஆக்சிஜன் குறையும் என்பதால் காற்றுக்கல் கட்டாயம். ஹீட்டர் இல்லாவிட்டால் அதே உப்பை நான்கைந்து வாரம் விடாமல் வைத்திருக்க வேண்டும். தண்ணீர் மாற்றும்போது, எடுத்த தண்ணீருக்கு மட்டும் உப்பைக் கணக்கிட்டுச் சேருங்கள். தினமும் அடியை ரப்பர்க் குழாயால் உறிஞ்சி எடுத்தால் பாதிக் கூடுகள் அப்படியே வெளியேறிவிடும்.

கேள்வி: கூடலூரில் டிரவுட் வளர்க்கலாமா?
— வாசகர், கூடலூர்

பதில்: முடியாது. டிரவுட் குளிர்நீர் மீன், அதற்கு 10 முதல் 16 டிகிரிக்குள் ஓடும் தண்ணீரும், லிட்டருக்குக் குறைந்தது 6 மில்லிகிராம் ஆக்சிஜனும் வேண்டும். 20-ஐத் தாண்டினால் தீனியை விடும், 25-ஐ நெருங்கினால் உயிரை விடும். மீனியல் அறிஞர் பிரான்சிஸ் டே 1860-களில் நீலகிரிக்கு டிரவுட் கொண்டுவர முயன்று தோற்றார். மீன்வளர்ப்பு வல்லுநர் எச்.சி. வில்சனின் முயற்சியில், 1900-களில்தான் நீலகிரியின் அவலாஞ்சியில் பொரிப்பகம் அமைந்து ரெயின்போ டிரவுட் நிலைத்தது. அங்கே நிலைத்ததற்குக் குளிர்ந்த ஓடைதான் காரணம். 10 டிகிரித் தண்ணீரில் அதன் முட்டை பொரிய ஏறக்குறைய 31 நாள் ஆகும். உங்கள் ஊர்ச் சூட்டுக்குக் கெண்டை வகைகளே சரி.

கேள்வி: நோய்ப்பட்ட மீனைப் பரிசோதனைக்கு அனுப்பினோம். அழுகிவிட்டது, ஒன்றும் சொல்ல முடியாது என்று பதில் வந்தது. எப்படி அனுப்ப வேண்டும்?
— வாசகர், கொடைக்கானல்

பதில்: செத்து மிதப்பதை அனுப்பாதீர்கள். தள்ளாடிக்கொண்டிருக்கும் இரண்டு மூன்று மீனைப் பிடியுங்கள். பாலித்தீன் பையில் மூன்றில் ஒரு பங்கு தண்ணீர், மீதி ஆக்சிஜன் நிரப்பி உயிரோடு கொண்டுபோவதே சிறந்தது. தூத்துக்குடி, பொன்னேரி மீன்வளக் கல்லூரிகள் கொடைக்கானலிலிருந்து வெகுதூரம் என்பதால் முன்னதாகப் பேசிவிட்டுக் கிளம்புங்கள்.

முடியாவிட்டால், கொன்ற உடனே செவுள், ஈரல், சிறுநீரகம், மண்ணீரல் ஆகியவற்றிலிருந்து அரை சென்டிமீட்டருக்கு மேல் தடிமன் இல்லாத துண்டுகளை வெட்டி, திசுவைக் கெடாமல் காக்கும் ஃபார்மலின் கரைசலில் போடுங்கள். செவுள் நிமிடக்கணக்கில் கெடுவது, அதை முதலில் வெட்டுங்கள். கடை ஃபார்மலின் ஒரு பங்கு, தண்ணீர் ஒன்பது பங்கு, மொத்தக் கரைசல் துண்டின் அளவைப்போல் பத்து மடங்கு இருக்க வேண்டும். கையுறை போட்டு, காற்றோட்டமான இடத்தில் செய்யுங்கள். கிருமி வளர்த்துப் பார்க்க வேண்டிய மீனை ஐஸில் வையுங்கள், ஃப்ரீசரில் வைக்காதீர்கள். உறைந்தால் திசு உடைந்து நுண்ணோக்கியில் ஒன்றும் தெரியாது. பூச்சிமருந்துச் சந்தேகம் என்றால் மட்டும் இதற்கு நேர்மாறு: அலுமினியத் தாளில் சுற்றி உறைய வையுங்கள், தண்ணீரைக் கண்ணாடிப் புட்டியில் விளிம்பு வரை நிரப்பி அதே அலுமினியத் தாளால் மூடுங்கள். கூடவே ஒரு சீட்டு: முதல் மீன் செத்த நாள், வேளை, எத்தனை, என்ன அளவு, தண்ணீரின் சூடு, கடைசியாகப் போட்ட தீனி, அந்த வாரம் சுற்றுவட்டாரத்தில் அடித்த மருந்தின் பெயர்.