நொன் நொன் பியோரி என்ற ஜப்பானிய அனிமேயில் (கார்ட்டூன் தொடரில்) ஒன்றுமே நடக்கவில்லையே, இதை ஏன் இப்படிக் கொண்டாடுகிறார்கள்?

மூன்று எபிசோட் பார்த்தீர்கள், தூக்கம் வந்தது, நண்பர் பேச்சை நம்பி ஏமாந்தேன் என்று எழுதியிருக்கிறீர்கள். கோபித்துக்கொள்ளாமல் ஒன்று சொல்லுங்கள். ஒன்றரை மடங்கு வேகத்தில்தானே ஓட்டினீர்கள்?

நானும் அப்படித்தான் பார்த்தேன், அதனால்தான் கேட்கிறேன். தோக்கியோவில் எதோகாவா பக்கம் குடியிருக்கிறேன், மென்பொருள் வேலை. 2021 தொடக்கத்தில் இதன் மூன்றாவது சீசன் ஓடிக்கொண்டிருந்தபோது உடன் வேலை செய்யும் ஒருவர் சொல்லி, முதல் சீசனை ரயிலில் நின்றபடியே வேகமாக ஓட்டி முடித்தேன். 12 எபிசோடும் நான்கு நாளில் காலி. "நல்லா இருந்துச்சு, ஆனா கதைன்னு ஒண்ணும் இல்லையே" என்று அவரிடம் சொன்னேன். அவர் ஒன்றும் பேசாமல் சிரித்தார். ஜப்பானியர்கள் அப்படிச் சிரித்தால் நாம் ஏதோ தவறாகச் சொல்லிவிட்டோம் என்று அர்த்தம்.

கேள்வியைப் பார்த்து வருகிற மற்றவர்களுக்காகச் சுருக்கம். இது முதலில் அத்தோ என்பவர் வரைந்த மாங்கா, அதாவது ஜப்பானியப் படக்கதை. 2009 முதல் 2021 வரை ஒரு மாத இதழில் வந்தது, மொத்தம் 16 தொகுதி. சில்வர் லிங்க் நிறுவனத்தின் அனிமே, இயக்கம் கவத்சுரா ஷின்யா. 2013, 2015, 2021 என்று மூன்று சீசன், நடுவில் 2018-இல் ஒரு திரைப்படம். பியோரி என்றால் ஒன்றுக்குத் தோதான வானிலை, அதற்கேற்ற நாள். முன்னால் வரும் நொன் நொன்னுக்கு அகராதியில் பொருள் தேடாதீர்கள், சாவகாசமான ஓசை அவ்வளவுதான். தமிழில் சிலர் இதை 'நான் நான்' என்று எழுதுகிறார்கள். தலைக்கனம் பிடித்த யாரோ ஒருவரின் சுயசரிதை போல இருக்கிறது, தயவுசெய்து வேண்டாம்.

ஒரு கிராமம். ஒரு பள்ளி, ஒரே வகுப்பறை, மொத்தம் ஐந்து பிள்ளைகள். ஒன்றாம் வகுப்பு ரெங்கே, தோக்கியோவிலிருந்து மாற்றலாகி வரும் ஐந்தாம் வகுப்பு ஹோத்தாரு, குறும்புக்காரி நட்சுமி, அவள் அக்கா கொமாரி, இந்த இருவரின் அண்ணன், ஒன்பதாம் வகுப்பு சுகுரு. அந்த அண்ணன் வாயைத் திறந்து ஒரு வார்த்தை பேசமாட்டான். ஆசிரியை கசுஹோ ரெங்கேயின் சொந்த அக்கா, வகுப்பிலேயே தூங்குவார். அவ்வளவுதான் முதலீடு.

இதிலிருந்து சிரிப்பு வருவது ஆள் குறைவு என்பதால்தான். ஹோத்தாரு ஐந்தாம் வகுப்பு, ஆனால் ஆள் உயரம். கொமாரி எட்டாம் வகுப்பு, ஆனால் குள்ளம். ஒரு நாள் ஹோத்தாரு பெரியவள் மாதிரி உடுத்திக்கொண்டு மிட்டாய்க் கடைக்குப் போகிறாள். அங்கே வரும் கொமாரிக்கு அவளை அடையாளம் தெரியவில்லை, யாரோ வெளியூர் அக்கா என்று நினைத்துக்கொள்கிறாள். கொமாரி என்றால் ஹோத்தாருவுக்கு உயிர், அதனால் உண்மையைச் சொல்லவும் முடியாமல் தவிக்கிறாள். நூறு பேர் படிக்கிற பள்ளியில் இந்த நகைச்சுவை செல்லாது. அங்கே யாரும் யாரையும் அவ்வளவு உற்றுப் பார்ப்பதில்லை.

"இது நகரத்துக்காரன் காணும் கிராமக் கனவு" என்று ஒருவர் கருத்து எழுதப் போகிறார், தெரியும். ஓரளவு ஒப்புக்கொள்கிறேன். கடன், வறட்சி, பங்காளிச் சண்டை எதுவும் இதில் கிடையாது. அப்பாக்களைக் கண்ணால் பார்ப்பதே அபூர்வம். நானும் கிராமத்தில் பிறந்தவன், சாணி அள்ளியவன், எனக்கு யாரும் கிராமம் சொல்லித்தர வேண்டாம். ஆனால் முதல் எபிசோடிலேயே ரெங்கே திடீரென்று, ஒருவேளை நாம் இருப்பது பட்டிக்காடோ என்று கேட்கிறாள். மற்றவர்கள் விழுந்தடித்துக்கொண்டு விவாதம் செய்கிறார்கள். தன்னையே இப்படிக் கேலி செய்துகொண்டு தொடங்குகிற கதைக்கு தன் கனவு எது என்று தெரியாமலா இருக்கும்?

சரி, நீங்கள் நிறுத்திய இடத்துக்கு வருகிறேன். மூன்றாவதோடு நிறுத்தினீர்களே, அதுதான் எனக்கு வயிற்றெரிச்சல். நான்காவதில்தான் ஹொனோகா வருகிறாள்.

கோடை விடுமுறை. பாட்டி வீட்டுக்கு வந்திருக்கிற சிறுமி, ரெங்கே வயதுதான். அந்த ஊரில் ரெங்கேக்குத் தன் வயதில் ஒரு ஆள்கூட இல்லை என்பதை அப்போதுதான் நாம் கவனிக்கிறோம். இருவரும் சேர்ந்து சுற்றுகிறார்கள். மறுநாளும் விளையாடலாம் என்று ரெங்கே போனால், பாட்டி வாசலில் வந்து, ஹொனோகாவின் அப்பாவுக்கு அவசர வேலை, ஊருக்குப் போய்விட்டாள் என்கிறார். அப்புறம் ரெங்கேயின் முகம். முகம் மட்டும். இசை இல்லை, வசனம் இல்லை, ஒரு வெட்டு இல்லை. விடாமல் அந்த முகத்தையே காட்டிக்கொண்டிருக்கிறார்கள்.

ரயிலில் பார்த்தபோது நான் என்ன செய்தேன் தெரியுமா? பத்து நொடி தள்ளிவிடும் பொத்தானை அழுத்தினேன். இரண்டு முறை.

2023-இல் என் மகள் இங்கே ஜப்பானியப் பள்ளியில் ஒன்றாம் வகுப்பு. ரெங்கே வயது என்பதால் அவளோடு சேர்ந்து மறுபடி போட்டேன், இந்த முறை தொலைக்காட்சியில், சாதாரண வேகத்தில். அந்த இடம் வந்தது. கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, "அப்பா, நெட் நின்னுடுச்சு" என்றாள். நான் ரிமோட்டைக் கையில் எடுத்தேன், எனக்கும் ஒரு கணம் சந்தேகம். அதற்குள் ரெங்கேயின் கண்ணில் நீர் முட்டியது. மகள் வாயை மூடிக்கொண்டாள். அந்த நேரத்துக்குள் ரெங்கே தலைக்குள் என்னென்ன ஓடியிருக்கும் என்று நாமே யோசித்துக்கொள்ள வேண்டியதுதான், படம் சொல்லாது. ஒன்றரை மடங்கில் அது வெறும் 'அழுதாள்' என்ற தகவல். ஒரு மடங்கில் நாமும் அந்த வாசலில் நிற்கிறோம்.

இரண்டு மாதத்துக்கு முன்னால்தான் மகளின் சிநேகிதி ஒருத்தி அப்பாவின் பணிமாற்றத்தால் பள்ளியை விட்டுப் போயிருந்தாள். இங்கே நிறுவனங்கள் மாற்றல் உத்தரவு கொடுத்தால் குடும்பம் மூட்டை கட்ட வேண்டியதுதான். எபிசோட் முடிவில் ஹொனோகாவின் கடிதம் வருகிறது. மகள் என்னிடம், "ஹொனோகாவுக்கு ரெங்கே அட்ரஸ் எப்படித் தெரியும்?" என்று கேட்டாள். பதில் சொல்லத் தெரியவில்லை. மறுநாள் வகுப்பாசிரியைக்கு ஒரு குறிப்பு எழுதி, அந்தச் சிநேகிதியின் புது முகவரி கிடைக்குமா என்று கேட்டோம். தனிப்பட்ட தகவல் என்பதால் தர முடியாது என்று பணிவாகப் பதில் வந்தது. ஆனால் நீங்கள் எழுதித் தந்தால் அனுப்பி வைக்கிறோம் என்றும் இருந்தது.

மாற்றல் என்றதும் இன்னொன்று நினைவுக்கு வருகிறது. கேள்விக்குச் சம்பந்தம் இல்லைதான், பொறுத்துக்கொள்ளுங்கள். ஹோத்தாரு வந்த முதல் நாளே அந்தப் பிள்ளைகள் அவளைச் சேர்த்துக்கொள்கிறார்கள். நாங்கள் இங்கே வீடு தேடியபோது நான்கு இடத்தில் 'வேண்டாம்' என்றார்கள், அதுவும் முகத்துக்கு நேராக அல்ல, தரகர் மூலமாக. ஒரு வீட்டுக்காரர் சொன்ன காரணம் மசாலா வாசனை. நான் தயிர்சாதத்தில் வளர்ந்தவன் என்று தரகரிடம் விளக்கிக்கொண்டிருந்தேன், என் மானம் போகிற போக்கு! சம்பளச் சீட்டு, நிறுவனக் கடிதம், வாடகைக்கு உத்தரவாதம் தரும் நிறுவனம் எல்லாம் இருந்தும் இந்த நிலை. ஐந்தாவது இடம் கிடைத்தது. அந்தக் கட்டடத்தைப் பார்த்துக்கொள்கிற பெரியவர் முதல் ஓராண்டு என்னிடம் குப்பையைத் தவிர வேறு பேச்சே பேசவில்லை. பிளாஸ்டிக் குப்பை எடுக்கும் நாளில் பாட்டில் மூடியைத் தவறாகப் போட்டுவிட்டேன் என்று பையைத் தூக்கிக்கொண்டு மூன்றாம் மாடிக்கே வந்துவிட்டார்.

அவரை மாற்றியதும் இந்த அனிமேதான், சத்தியமாக. ரெங்கேக்கு ஒரு சொந்த வணக்கம் உண்டு, 'நியன்பாசு'. பொருள் கிடையாது, யாருக்கும் புரியாது, முகத்தில் ஒரு சலனமும் இல்லாமல் கையைத் தூக்கிச் சொல்வாள். என் மகள் ஒரு வாரம் வீட்டில் அதையே சொல்லிக்கொண்டிருந்தாள். பிறகு ஒரு காலை, கீழே பெருக்கிக்கொண்டிருந்த பெரியவரிடம் நின்று அதே முகத்தோடு "நியன்பாசு" என்றாள். எனக்கு உயிரே போய்விட்டது. அவர் துடைப்பத்தை நிறுத்தி, இது எந்த நாட்டு மொழி என்று என்னிடம் கேட்டார். ஜப்பானியம்தான் என்றேன். இல்லவே இல்லை என்றார். அனிமே என்று விளக்கியபின், தன் ஊர் வடக்கே பனி கொட்டும் அகித்தா பக்கம் என்றும், தான் படித்த பள்ளியும் இதேபோல ஒரு பெரிய பள்ளியின் சிறு கிளைதான், இரண்டு வகுப்புக்கு ஒரே ஆசிரியர் என்றும் சொன்னார். அப்புறம், "கதையில் பனியை யார் அள்ளுகிறார்கள்?" என்று கேட்டார். விமர்சகர் என்றால் இவர் விமர்சகர்.

இரண்டு வகுப்பை இணைப்பது இங்கே சட்டப்படி உள்ள ஏற்பாடு. தொடக்கப் பள்ளியில் அடுத்தடுத்த இரண்டு வகுப்பும் சேர்ந்து 16 பேருக்கு மேல் போகாவிட்டால் ஒரே வகுப்பாக்கலாம், அதில் ஒன்றாம் வகுப்பு இருந்தால் 8 பேர். ஒன்றாம் வகுப்புப் பிள்ளையும் ஒன்பதாம் வகுப்புப் பையனும் ஒரே அறையில் உட்காருவது மட்டும் அத்தோவின் கற்பனை.

கிராமம் எந்த மாகாணத்தில் என்று கதை எங்கும் சொல்லாது. ஆனால் அனிமேயில் வரும் பள்ளிக் கட்டடத்துக்கு மாதிரி சைத்தாமா மாகாணத்தில், ஒகாவா என்ற சிற்றூரின் ஷிமோசாதோ பகுதியில் இருக்கிற பழைய மரப் பள்ளி. மகள் நச்சரிப்பு தாங்காமல் ஒரு நவம்பர் ஞாயிறு போனோம். தோக்கியோவின் இக்கெபுக்குரோ நிலையத்திலிருந்து தோபு தோஜோ ரயில் பாதையில் ஒன்றேகால் மணி நேரம். ஊர் கைக்காகிதத்துக்குப் பேர்போனது. அங்கே செய்யும் ஹோசோகாவா காகிதம் 2014-இல் யுனெஸ்கோவின் பாரம்பரியக் கலைகள் பட்டியலில் ஏறியது. நிலையத்திலிருந்து நடந்தே போகலாம் என்று நான் எடுத்த முடிவை மனைவி இன்றுவரை மன்னிக்கவில்லை. சுகி ஆற்றை ஒட்டி, அறுப்பு முடிந்த வயல்கள் வழியாக நடை. கனேகோ யோஷினோரி என்பவர் 1971-இலேயே ரசாயனம் இல்லாத விவசாயத்தைத் தொடங்கிய பகுதி இது.

பள்ளி நாங்கள் நினைத்ததைவிடச் சின்னது. உள்ளே போக முடியவில்லை, சன்னல் வழியாகப் பார்த்தோம். இங்கே பிள்ளைகள் படிப்பது 2011-லேயே நின்றுவிட்டது. அனிமே வந்தது 2013-இல். அதாவது திரையில் அந்த ஐந்து பேர் ஓடியாடியபோதே நிஜக் கட்டடத்தில் மாணவர் ஒருவரும் இல்லை. இரண்டாவது சீசன் ஏன் கதையை முன்னே நகர்த்தாமல் அதே ஆண்டுக்குள் திரும்பப் புகுந்து, விட்டுப்போன நாட்களைப் பொறுக்கி எடுக்கிறது என்று அங்கே நின்றபோது எனக்கு ஒரு மாதிரிப் புரிந்தது. இயக்குநர் இதையெல்லாம் யோசித்தாரா என்று என்னிடம் சண்டைக்கு வராதீர்கள்.

திரும்பும் வழியில் ஆளில்லாக் கடை ஒன்று. பலகையில் நான்கு பை பெர்சிமன் பழம், பக்கத்தில் காசு போடத் தகர டப்பா, பை ஒன்று 100 யென். மகளுக்கு வேண்டுமாம். என் பையில் ஆயிரம் யென் தாள் மட்டும்தான். சில்லறை கொடுக்க ஆளும் இல்லை, கூப்பிட்டுப் பார்த்தோம், ஒரு நாய் குரைத்தது. கால் மணி நேரம் காத்திருந்தோம். மனைவி பழமே வேண்டாம் என்கிறாள், மகள் அழத் தயாராகிறாள், ரயிலுக்கு நேரமாகிறது. தாளை மடித்து டப்பாவில் போட்டேன். மகள் தன் குறிப்பேட்டிலிருந்து ஒரு தாளைக் கிழித்து, "ஆயிரம் போட்டோம். ஒரு பை எடுத்தோம். ஒன்பது பை அப்புறம்" என்று ஹிராகானா என்ற ஜப்பானிய எழுத்தில் எழுதி, கல்லை வைத்துவிட்டு வந்தாள்.

உங்கள் கேள்வி, ஒன்றுமே நடக்காத இதில் என்ன இருக்கிறது என்பது. நான்காவது எபிசோடை மட்டும் வேகத்தைக் குறைத்துப் பாருங்கள். அப்போதும் தூக்கம் வந்தால் தூங்குங்கள், கசுஹோ டீச்சரே தூங்குகிறார். அந்த முகம் வரும் இடத்தில் நெட் நின்றுவிட்டது என்று ரிமோட்டைத் தேடாதீர்கள், அவ்வளவுதான். நாங்கள் வருகிற நவம்பரில் மறுபடி ஒகாவா போகிறோம், இந்த முறை பேருந்தில். சில்லறை கொண்டுபோக வேண்டாம் என்று மகள் சொல்லிவிட்டாள், ஒன்பது பை கணக்கில் இருக்கிறதாம்.