படிச்ச புத்தகத்தைப் பத்தி எழுதி வைக்கிறதுல அப்படி என்ன சுகம்? படிச்சா மட்டும் போதாதா?

இதே கேள்வியை எங்கம்மா இருபது வருஷமா கேட்டுட்டு இருக்காங்க. "படிச்சோமா மூடி வெச்சோமான்னு இல்லாம அதுக்கு ஒரு நோட்டு வேற"ன்னு. இப்போதைக்கு ஏழு லாங் சைஸ் நோட்டு ஆயிருக்கு, பீரோ மேல கட்டி வெச்சிருக்கேன்.

ஆரம்பிச்சது ஒண்ணும் பெரிய லட்சியத்துல எல்லாம் இல்லங்க. ஜனவரி புத்தகக் காட்சி அப்பல்லாம் பூந்தமல்லி ஹைரோட்டுல ஒரு ஸ்கூல் கிரவுண்ட்ல நடக்கும் (1977ல மவுண்ட் ரோடு மதரஸா-இ-ஆஸம் ஸ்கூல்ல ஆரம்பிச்சது, இப்ப நந்தனம் ஒய்எம்சிஏ), தூசி, கூட்டம், டெல்லி அப்பளம், பத்து பர்சன்ட் கழிவு, அந்த மயக்கத்துல ஒரே புத்தகத்தை ரெண்டு வருஷம் அடுத்தடுத்து வாங்கிட்டு வந்துட்டேன். மூணாவது வருஷமும் அதையே கையில எடுத்து பில் போடப் போயிட்டேன், கூட வந்த ஃப்ரெண்டு தான் தடுத்தான். சரி, வாங்கினதை எல்லாம் எழுதி வைப்போம்னு ஒரு நோட்டு போட்டேன். வாங்கினது லிஸ்ட் படிச்சது லிஸ்ட் ஆச்சு, அப்புறம் பக்கத்துல ஒரு வரி, அப்புறம் அரைப் பக்கம், அப்படியே போயிடுச்சு.

நான் கதைச்சுருக்கம் எழுதறதில்ல. அது பின் அட்டையிலயே இருக்கு. அஞ்சுக்கு மூணு ஸ்டார்னு போடறதும் இல்ல, நாலு வருஷம் கழிச்சு அந்த மூணை பார்த்தா ஏன் போட்டோம்னு நமக்கே தெரியாது. நான் எழுதறது எல்லாம் இப்படித் தான் இருக்கும்: "84ம் பக்கத்துல நிறுத்திட்டேன், ஹீரோ ரொம்ப நல்லவன்." "மாம்பலத்துல இறங்க வேண்டியவன் கோடம்பாக்கம் வந்துட்டேன், காரணம் ஏழாவது அத்தியாயம்." "அப்பா ஆஸ்பத்திரில இருந்தப்ப வராந்தாவுல படிச்சது, ஒண்ணும் மனசுல ஏறல, திரும்பப் படிக்கணும்." இந்தக் கடைசி வரியை இன்னிக்குப் பார்த்தா புத்தகம் ஞாபகத்துக்கு வரல, அந்த வராந்தா ட்யூப்லைட்டும் ஃபினாயில் வாசனையும் தான் வருது. அந்தப் புத்தகத்தை இன்னும் திரும்பப் படிக்கவே இல்ல, அது வேற விஷயம்.

படிக்கிறப்ப புடிக்கலைன்னு தோணினது எழுத உக்காந்தா மாறிடறதும் உண்டு. "போர்"னு எழுதிட்டு அடுத்த வரிக்கு ஏன்னு யோசிச்சா புத்தகம் போர் இல்ல, நான் தான் அந்த வாரம் சரியா தூங்கலைன்னு புரியும்.

இன்னொரு சுகம், நோட்டு கை மாறுறது. ஆபீஸ்ல அக்கவுண்ட்ஸ்ல ஒரு அண்ணன் இருந்தார், மதியம் சாப்பாட்டு நேரத்துல என் நோட்டை வாங்கிப் படிப்பார், ஒருநாள் பார்த்தா நான் ஆஹா ஓஹோன்னு எழுதியிருந்த ஒரு நாவலுக்குக் கீழே ரெட் இங்க்ல "தப்பு. அந்தப் பொண்ணு பக்கம் யாரு பேசறது?"ன்னு ஆடிட் குறிப்பு மாதிரி எழுதி வெச்சிருக்கார். செம கோவம் எனக்கு. ராத்திரி அதே நாவலை திரும்ப எடுத்துப் படிச்சேன், அவர் சொன்னது சரி. அதுக்கப்புறம் ஒவ்வொரு பக்கத்துலயும் அவருக்குன்னு கீழே நாலு வரி இடம் விட்டு எழுத ஆரம்பிச்சேன். அவர் ரிட்டயர்ட் ஆகி ஊருக்குப் போய் வருஷமாச்சு, இன்னமும் கை தானா அந்த நாலு வரியை விட்டுடுது.

பழைய புத்தகம் வாங்கறவங்களுக்கு இது நல்லாப் புரியும். சின்ன வயசுல அப்பா என்னை மூர் மார்க்கெட் கூட்டிட்டுப் போவார், 1985ல அது எரிஞ்சு போச்சு, இப்ப சபர்பன் ஸ்டேஷன் கட்டடம் நிக்குதே அங்க தான் இருந்தது. அதுக்கப்புறம் எனக்கு திருவல்லிக்கேணி பிளாட்பாரம் தான். ஒவ்வொரு புத்தகத்துலயும் முதல் பக்கத்துல யாரோ எதையோ எழுதியிருப்பாங்க, "திருமணப் பரிசு, இப்படிக்கு நண்பர்கள்"னு, கூடவே ஒரு வாடகை நூலக ரப்பர் ஸ்டாம்ப். அந்தத் தம்பதி படிச்சாங்களா, எப்ப எடைக்குப் போட்டாங்க, நண்பர்களுக்குத் தெரியுமா, இதையெல்லாம் யோசிச்சு நோட்டுல எழுதினது பல நேரம் உள்ள இருக்கிற நாவலை விட நல்லா இருக்கும். (பெருமை தான், விடுங்க.)

ஆனா என்னைக் கேட்டா, எழுதி வெச்சதால கிடைச்ச பெரிய சந்தோஷம் அம்மாவோட பைண்டு வால்யூம்ல இருந்து வந்தது.

அம்மா கல்யாணத்துக்கு முன்னாடி வாரப் பத்திரிகைல வர்ற தொடர்கதையை வாரா வாரம் கிழிச்சு சேர்த்து, முடிஞ்சதும் மயிலாப்பூர்ல ஒருத்தர் கிட்ட கொடுத்து பைண்டு பண்ணி வெச்சிருந்தாங்க. காலிகோ துணி ஒட்டின முதுகு, மயில்துத்தம் போட்ட மைதா பசை, அதனால இத்தனை வருஷம் ஆகியும் பூச்சி அரிக்கல. ஓரம் வெட்டினதுல மட்டும் வரியோட கடைசி எழுத்துங்க போயிருக்கும், நாமளே யூகிச்சுக்கணும். தொடர்கதையை விட எனக்குப் புடிச்சது அந்தப் பக்கங்களோட பின்பக்கம். தலைவலித் தைலம் விளம்பரம், துணுக்கு, பாதி ஜோக், வேற யாரோ எழுதின சிறுகதைல ஒரு பக்கம்.

அப்படி ஒரு பாதிக் கதை. எக்மோர் ஸ்டேஷன்ல ராத்திரி ஒரு பொண்ணு டிரங்குப் பெட்டியோட இறங்கறா, கூட்டிட்டுப் போக வர்றேன்னு சொன்ன தம்பி வரல. கூட்டமெல்லாம் கலைஞ்சாச்சு. போர்ட்டர் வந்து "யாரும் வரலியாம்மா?"ங்கிறார். கீழே "தொடர்ச்சி 61ம் பக்கம்". 61ம் பக்கம் பைண்டுல கிடையாது.

பத்து வயசுல அம்மாவைக் கேட்டேன், தம்பி வந்தானா இல்லியான்னு. அம்மாவும் மறந்துட்டாங்க. மறந்துட்டதால அவங்களே ஒரு முடிவு வெச்சிருந்தாங்க: தம்பி வந்திருப்பான், வேலை போயிருக்கும், அக்கா முகத்துல முழிக்க வெக்கப்பட்டு தூண் மறைவுல நின்னுட்டு இருப்பான்னு. நோட்டு போட ஆரம்பிச்ச காலத்துல அதையும் ஒரு பக்கம் எழுதினேன், பேர் தெரியாத கதை, ஆசிரியர் பேரும் அந்தப் பக்கத்துல இல்ல, அம்மாவோட முடிவு இது, அப்படின்னு.

பத்து பன்னண்டு வருஷம் கழிச்சு நோட்டைப் புரட்டறப்ப தான் மண்டைல பல்பு எரிஞ்சது. பின்பக்கம்னா அதே இதழ் தானே. முன்பக்கத்துல தொடர்கதையோட 23ம் அத்தியாயம்னு போட்டிருக்கு. அந்த அத்தியாயம் வந்த இதழைப் புடிச்சா 61ம் பக்கமும் அதுக்குள்ள இருக்கும்!

லீவு போட்டுட்டு மந்தைவெளில பறக்கும் ரயில் ஏறி தரமணி, ரோஜா முத்தையா நூலகம். போகாதவங்களுக்காக சொல்றேன், கோட்டையூர்க்காரர் ரோஜா முத்தையா செட்டியார், போர்டு எழுதற ஆர்ட்டிஸ்ட், வாழ்நாள் பூரா புத்தகம், பத்திரிகை, நாடக நோட்டீஸ், பாட்டுப் புத்தகம்னு சேர்த்தவர். அவர் 1992ல இறந்து போனப்புறம் அந்தச் சேகரிப்பை சிகாகோ யுனிவர்சிட்டி வாங்கி, வெளிநாட்டுக்குக் கொண்டு போகாம இங்கயே 1994ல நூலகமா வெச்சாங்க. எஸ்.ஆர்.ரங்கநாதன்னு ஒருத்தர், 1924ல மெட்ராஸ் யுனிவர்சிட்டி லைப்ரரியன் ஆனவர், நூலகத்துக்கு அஞ்சு விதி சொன்னாரே, அதுல மூணாவது, ஒவ்வொரு புத்தகத்துக்கும் அதோட வாசகர். கிழிஞ்ச பாதிக் கதைக்கும் அது செல்லும்னு நெனச்சுக்கிட்டே உக்காந்திருந்தேன். வேணுங்கிறதை எழுதிக் கொடுத்தா எடுத்துட்டு வந்து தருவாங்க. ரெண்டு மணி நேரம் இதழ் இதழா பார்த்து 23ம் அத்தியாயத்தைப் புடிச்சேன். அதே தைல விளம்பரம், அதே போர்ட்டர். கை நடுங்கிச்சுன்னா நம்பணும்.

61ம் பக்கத்துல மிச்சம் இருந்தது மொத்தம் பதினோரு வரி. தம்பி ஓடி வர்றான், "சைக்கிள் பஞ்சர் ஆயிடுச்சுக்கா"ங்கிறான், ரெண்டு பேரும் பேசிக்கிட்டே வீட்டுக்குப் போறாங்க. அவ்ளோ தான். முப்பது வருஷத்துக்கு மேல காத்திருந்ததுக்கு பஞ்சர்! அதை அப்படியே நோட்டுல எழுதிக்கிட்டு ரயில் ஏறினேன்.

வீட்டுக்கு வந்து அம்மாகிட்ட படிச்சுக் காமிச்சேன். கீரை ஆய்ஞ்சுட்டு இருந்தவங்க நிமிர்ந்து கூடப் பார்க்கல.

"அக்காகிட்ட பின்ன வேற என்னத்த சொல்லுவான். பஞ்சர்னு தான் சொல்லுவான்"னாங்க.