மனைவிக்குத் தெரியாத பாட்டில்

கேள்வி: எனக்கு 33 வயது. நெற்றி இரண்டு பக்கமும் ஏறிக்கொண்டே போகிறது. 24 வயதிலேயே நரை வந்துவிட்டது. முடி வளர 3 மாதமாக இரவில் 5 சதவீத மினாக்ஸிடில் தடவுகிறேன். நரைக்குப் பெப்டைடு சீரம், கூடவே பயோட்டின் என்ற வைட்டமின் மாத்திரை. மனைவி கேலி செய்வாள் என்று பாட்டிலைப் பழைய லேப்டாப் பையில் வைத்திருக்கிறேன். தடவிய பிறகு 7 மாதக் குழந்தையைத் தூங்கவைப்பது என் வேலை. என் தலையைப் பிடித்துக்கொண்டுதான் தூங்குவாள். இன்னும் பலன் தெரியவில்லை. ரெடென்சில் என்ற முடி வளர்ச்சிக் கலவையும் காஃபீனும் சேர்ந்த சீரத்துக்கு மாறலாமா?

பதில்: தம்பி, சீரம் கதை அப்புறம். குழந்தை உங்கள் தலையைப் பிடித்துக்கொண்டு தூங்குகிறாள் என்று எழுதியிருக்கிறீர்களே, அந்த வரியை நீங்களே இன்னொரு தடவை படியுங்கள். எந்தத் தலை? ஈரம் காயாத மருந்து இருக்கும் தலை. பிடித்த அந்தக் கை அடுத்து எங்கே போகும்? வாய்க்கு.

மினாக்ஸிடில் அழகுச் சாதனம் இல்லை, மருந்து. உயர் ரத்த அழுத்தத்துக்கு மாத்திரையாக வந்தது. சாப்பிட்டவர்களுக்கு உடம்பில் முடி அதிகமாக முளைத்ததைப் பார்த்துத்தான் தலையில் தடவும் திரவமாக ஆக்கினார்கள். 1988ல் அமெரிக்காவில் அதற்கு அனுமதி கிடைத்தது. அப்பா தடவிய மருந்து ஒட்டியதால் கைக்குழந்தையின் உடம்பில் மளமளவென்று முடி முளைத்த சம்பவங்கள் ஐரோப்பாவில் பதிவாகி, 2024ல் அங்கே மருந்துக் கண்காணிப்பு அமைப்பு எச்சரிக்கையே விட்டது. மருந்து படுவது நின்றதும் அந்த முடி சில மாதங்களில் உதிர்ந்துவிட்டது என்பது உண்மைதான். அதற்காக உங்கள் மகள் மேல் அதைச் சோதித்துப் பார்ப்பீர்களா?

இதில் எனக்குக் கோபம் வருவது அந்த லேப்டாப் பையை நினைத்துத்தான். குழந்தையின் முதுகிலோ காலிலோ திடீரென்று ரோமம் கூடினால் உங்கள் மனைவி என்ன நினைப்பார்? ஏதோ ஹார்மோன் கோளாறு என்று பயந்து மருத்துவமனைக்கு ஓடுவார். குழந்தையின் கையில் ஊசி குத்தி ரத்தம் எடுப்பார்கள். காரணம் பையில் இருக்கும், உங்களைத் தவிர யாருக்கும் தெரியாது. கேலிக்குப் பயந்து இவ்வளவு பெரிய விஷயத்தை மறைக்கலாமா? தாயும் தகப்பனும் ஒரு குழந்தையை வளர்க்கிறார்கள் என்றால், அதன் மேல் படுகிற எதுவும் ஒருவருக்கு மட்டும் தெரிந்த ரகசியமாக இருக்கக் கூடாது. இதில் நான் இம்மியும் விட்டுக்கொடுக்க மாட்டேன்.

இன்றைக்கே மனைவியிடம் சொல்லுங்கள். சிரித்தால் சிரிக்கட்டும். லேபிளையும் பாருங்கள். ஃபினாஸ்டரைடு என்ற, ஆண்களின் முடி உதிர்வுக்கான ஹார்மோன் தடுப்பு மருந்து கலந்திருந்தால் அதை மனைவி தொடவே கூடாது. கருத்தரித்திருந்தால் வயிற்றில் இருக்கும் ஆண் குழந்தையின் உறுப்பு வளர்ச்சியை அது பாதிக்கலாம்.

சரி, உங்கள் கேள்வி. மினாக்ஸிடிலுக்கு 3 மாதம் போதாது, 4 முதல் 6 மாதம் பிடிக்கும். முதல் சில வாரங்கள் கூடுதலாகக்கூடக் கொட்டும். நிறுத்தினால் புதிதாக வந்த முடியும் சில மாதங்களில் போய்விடும். ரெடென்சில், காஃபீனுக்கெல்லாம் இருக்கும் ஆதாரம் இதோடு ஒப்பிட்டால் மிகச் சொற்பம். மாறி ஒன்றும் ஆகப்போவதில்லை. பெப்டைடு சீரமும் அப்படித்தான். வெளியே வந்துவிட்ட வெள்ளை முடி உயிரற்றது, அதற்குள் எந்த சீரமும் நிறமியை உண்டாக்காது. 25 வயதுக்கு முன்பே நரைத்தவர் முதலில் பார்க்க வேண்டியது வைட்டமின் பி12, தைராய்டு, இரும்புச்சத்து. புகைப்பழக்கம் இருந்தால் அதையும் விடுங்கள். ரத்தப் பரிசோதனைக்குப் போகும்போது பயோட்டின் சாப்பிடுவதைச் சொல்லுங்கள், தைராய்டு அளவையே அது தப்பாகக் காட்டிவிடும். உடம்பில் குறைபாடு இல்லாதவருக்கு அந்த மாத்திரையே தேவையில்லை.

குழந்தை கொஞ்சம் வளரும்வரை மினாக்ஸிடிலை நிறுத்திவைப்பதுதான் என் அபிப்பிராயம். முடியாது என்றால், அவள் தூங்கிய பிறகு தடவுங்கள், கையை சோப்புப் போட்டுக் கழுவுங்கள், நன்றாகக் காயும்வரை தலையணையில் சாயாதீர்கள். உங்கள் தலையணையில் அவளைப் படுக்கவைக்கவும் வேண்டாம். இந்த 3 மாதத்தில் அவள் உடம்பில் ரோமம் கூடியிருக்கிறதா என்று இருவருமாகப் பாருங்கள். கூடியிருந்தால் குழந்தை மருத்துவரிடம் போய், என்ன மருந்து, எத்தனை சதவீதம், எத்தனை நாளாக என்று நீங்களே சொல்லுங்கள். பாட்டிலையும் கையோடு எடுத்துப்போங்கள்.