ஃபைல் சிஸ்டம் மெதுவாக இருக்கிறது, ஸ்டோரேஜ் பக்கம் எல்லாம் சரி என்கிறார்கள். சான் சுவிட்சில் எதைப் பார்ப்பது?

மாலையானால் லினக்ஸ் சர்வர்களில் ஃபைல் திறக்கவே திணறுகிறது, ஸ்டோரேஜ்காரர்கள் "எங்கள் பெட்டி ஒரு மில்லிசெகண்டில் பதில் கொடுக்கிறது" என்கிறார்கள், சுவிட்ச் கிராஃபும் 30 சதவீதத்தைத் தாண்டவில்லை என்று எழுதியிருக்கிறீர்கள். இந்த மூன்றும் ஒரே நேரத்தில் உண்மையாக இருக்கலாம். மதுரையில் மருத்துவமனை, மில் என்று சில இடங்களில் சான் (சர்வர்களையும் ஸ்டோரேஜையும் இணைக்கும் தனி நெட்வொர்க்) வேலை பார்க்கிறேன். அந்த அனுபவத்தில் சொல்கிறேன்: எவ்வளவு டேட்டா போனது என்பதை விட்டுவிட்டு, போர்ட் எவ்வளவு நேரம் அனுப்ப முடியாமல் நின்றது என்று பாருங்கள்.

முதலில் சர்வரில் ஐஓஸ்டாட் கமாண்டை ஓடவிட்டு 'அவெயிட்' எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள், டிஸ்க்கிடம் கேட்டதற்குப் பதில் வர ஆகும் சராசரி நேரம் அது. அது 40 மில்லிசெகண்ட், ஸ்டோரேஜ் சொல்வது 1 என்றால், மிச்சம் சர்வரின் சொந்த வரிசையில் போகிறது, இல்லையென்றால் நடுவழியில் போகிறது. ஹெச்பிஏவின் (சர்வரை சானோடு இணைக்கும் கார்டு) க்யூ டெப்த்தை, அதாவது பதிலுக்குக் காத்திராமல் ஒரே நேரத்தில் அனுப்பக்கூடிய கோரிக்கைகளின் எண்ணிக்கையை, மிகக் குறைவாக வைத்திருந்தால் சர்வரிலேயே கதை முடிந்துவிடும். அது சரியாக இருந்தால் சுவிட்சுக்கு வாருங்கள்.

சானில் ஓடும் ஃபைபர் சேனல் முறையில், எதிர்முனையில் இடம் இருந்தால் மட்டுமே ஃபிரேம் (டேட்டா பொட்டலம்) கிளம்பும். அதற்குத்தான் பஃபர் கிரெடிட். மாட்டுத்தாவணி மார்க்கெட்டில் காலிப் பெட்டி திரும்பி வந்தால்தான் அடுத்த லோடு தக்காளி ஏறும் என்றால் எப்படியோ, அப்படித்தான். எதிர்முனை கிரெடிட்டைத் திருப்பாவிட்டால் லைன் காலியாகக் கிடந்தாலும் போர்ட் சும்மா நிற்கும். கிராஃபில் அது 'லோடு குறைவு' என்றுதான் தெரியும். அதனால்தான் 30 சதவீதத்தைப் பார்த்து நிம்மதியடையக் கூடாது.

பிரோகேடு சுவிட்சில் 'போர்ட்ஸ்டாட்ஸ்ஷோ' கொடுத்தால் 'டிம் டிஎக்ஸ் கிரெட் இசட்' என்று ஒரு வரி வரும். கிரெடிட் பூஜ்யமாக நின்ற ஒவ்வொரு 2.5 மைக்ரோசெகண்டுக்கும் அது ஒன்று கூடும். சிஸ்கோ எம்டிஎஸ்ஸில் 'டிஎக்ஸ்வெயிட்', அதுவும் அதே 2.5 கணக்குதான். மொத்த எண்ணைப் பார்த்து மிரள வேண்டாம், சுவிட்ச் பூட் ஆனதிலிருந்தோ, கடைசியாக எண்ணை அழித்ததிலிருந்தோ சேர்ந்தது அது. மெதுவாக இருக்கும் நேரத்தில் ஒரு நிமிட இடைவெளியில் இரண்டு தடவை எடுத்துக் கழியுங்கள். 4,00,000 கூடினால் ஒரு விநாடி. வித்தியாசம் 48 லட்சம் என்றால், அந்த 60 விநாடியில் 12 விநாடி அந்த போர்ட் வாயடைத்து நின்றிருக்கிறது. ஐந்தில் ஒரு பங்கு நேரம்!

அடுத்து, எந்த போர்ட் என்பது முக்கியம். சர்வர் போர்ட்டில் இந்த எண் ஏறினால் அந்த சர்வர்தான் மெதுவாக வாங்குகிறது. ஐஎஸ்எல்லில் (இரண்டு சுவிட்சுகளை இணைக்கும் லிங்க்) ஏறினால் அடைப்பு அதற்கு அப்பால் இருக்கிறது, அடுத்த சுவிட்சுக்குப் போய்த் தேட வேண்டும். புகார் சொல்கிற சர்வர் பெரும்பாலும் பாதிக்கப்பட்டது மட்டும்தான், காரணம் இன்னொன்று.

ஒரு மருத்துவமனையில் இதை நேரில் பார்த்தேன். நோயாளி எதிரே உட்கார்ந்திருக்க, சி.டி. ஸ்கேன் படம் திறப்பதற்காக மருத்துவர் திரையையே பார்த்துக்கொண்டிருப்பார். காரணம் ஸ்கேன் சர்வர் அல்ல. 16 ஜி (விநாடிக்கு 16 ஜிகாபிட் வேகம்) சுவிட்சில் பழைய 4 ஜி ஹெச்பிஏவோடு பேக்கப் சர்வர் ஒன்று தொங்கிக்கொண்டிருந்தது. மாலையில் பேக்கப் தொடங்கியதும் அது பெரிய பெரிய ரீட் கேட்கும், ஸ்டோரேஜ் 16 ஜி வேகத்தில் கொட்டும், இந்தப் பக்கம் 4 ஜியில்தான் இறங்கும். மிச்சமெல்லாம் ஐஎஸ்எல் பஃபர்களில் தேங்கி, அதே வழியில் வந்த ஸ்கேன் படங்களும் பின்னால் மாட்டிக்கொண்டன. ஸ்டோரேஜ் போர்ட் கிராஃபில் 25 சதவீதம். 4 ஜி லைனுக்கு விநாடிக்குச் சுமார் 400 எம்பி, 16 ஜிக்கு 1,600. கணக்கு பொருந்துகிறது பாருங்கள். இந்த மாதிரி இடத்தில் பேக்கப் போர்ட்டில் கிரெடிட் பூஜ்யம் அதிகம் தெரியாமல் போகலாம், ஆனால் அந்த போர்ட் அதன் வேகத்துக்கு நிரம்பி வழியும். ஹெச்பிஏ மாற்றும் வரை பேக்கப் சர்வரை ஸ்டோரேஜ் இருக்கும் அதே சுவிட்சில், தனி ஸ்டோரேஜ் போர்ட்டோடு மட்டும் பேசும்படி ஜோன் செய்து கொடுத்தோம். ஸ்கேன் படம் உடனே திறந்தது. உங்களுக்கும் மாலையில்தான் பிரச்சினை என்பதால், பேக்கப் எத்தனை மணிக்கு ஓடுகிறது என்று முதலில் விசாரியுங்கள்.

அப்புறம் பிரோகேடில் போர்ட் பிழைகளைப் பட்டியலிடும் 'போர்ட்எர்ர்ஷோ' கமாண்ட். சிஆர்சி பிழை (வழியில் சிதைந்த ஃபிரேம்) பல போர்ட்டில் தெரிந்தால், பக்கத்தில் உள்ள 'ஜி ஈஓஎஃப்' பத்தியும் கூடுகிற போர்ட்டைப் பிடியுங்கள், கெட்ட லிங்க் அதுதான். மற்றவை அங்கே கெட்டுப்போய் வந்த ஃபிரேமைக் கடத்தியவை. அங்கே எஸ்எஃப்பியின் (போர்ட்டில் செருகும் ஒளி மாட்யூல்) ஆர்எக்ஸ் பவரை, அதாவது வந்து சேரும் ஒளியின் அளவைப் பாருங்கள். ரேக் பின்னால் பேட்ச் கார்டை டை போட்டு இறுக்கி மடக்கியிருப்பார்கள், இல்லையென்றால் முனையில் தூசி. ஃபைபரில் ஒளி போகும் நடுப்பகுதி 50 மைக்ரான்தான், ஒரு துகள் போதும். சட்டைத் துணியால் துடைக்காதீர்கள், ஃபைபர் கிளீனர் பேனா வாங்கிக்கொள்ளுங்கள்.

அதே பட்டியலில் 'டிஸ்க் சி3' (தூக்கி எறியப்பட்ட ஃபிரேம்களின் எண்ணிக்கை) ஏறினால் சும்மா விடாதீர்கள். பிரோகேடில் வழக்கமான அமைப்பில் அரை விநாடி தேங்கிய ஃபிரேமை சுவிட்ச் தூக்கி எறிந்துவிடும். அந்தப் பதில் வராததால், லினக்ஸ் எஸ்சிஎஸ்ஐ கமாண்டுக்கு (டிஸ்க்குக்கு அனுப்பும் கட்டளை) இயல்பாக 30 விநாடி காத்திருக்கும். யூசர் "அரை நிமிஷம் உறைந்து போச்சு" என்று சொல்வது பல நேரம் இதுதான்.

கண்காணிப்பு மென்பொருள் எஸ்என்எம்பியில் (சாதனங்களின் எண்களைச் சேகரிக்கும் நெறிமுறை) ஐந்து நிமிட சராசரி எடுத்தால் இந்தத் தேக்கம் எதுவும் தெரியாது. ஒரு நிமிடமாகக் குறையுங்கள், கிரெடிட் எண்ணையும் சேர்த்து சேகரியுங்கள். சுவிட்ச், சர்வர், ஸ்டோரேஜ் மூன்றின் கடிகாரமும் என்டிபியில் (நெட்வொர்க் வழியாக நேரத்தைச் சரிசெய்யும் முறை) ஒத்திருக்கட்டும், இல்லாவிட்டால் எது முதலில் என்று சண்டை போட்டே நாள் போய்விடும்.

இன்றைக்கு மாலை பேக்கப் ஓடும்போது எல்லா ஐஎஸ்எல், ஸ்டோரேஜ், பேக்கப் போர்ட்டுகளின் எண்களையும் ஒரு நிமிட இடைவெளியில் இரண்டு முறை எடுத்து, போர்ட் வேகத்தோடு கமெண்டில் போடுங்கள். பார்த்துச் சொல்கிறேன்.